ரெகுலேட்டரில் சத்தமா? எங்கே என்பதோடு எப்போது என்றும் கேளுங்கள்

ஸ்கூபா டைவிங் செட்டில் சிலிண்டர் வால்வைத் திறந்த கொஞ்ச நேரத்தில், ரெகுலேட்டரில் வாயில் கடிக்கும் பகுதியான செகண்ட் ஸ்டேஜ் ‘உஸ்ஸ்’ என்று சீறத் தொடங்குகிறது. பக்கத்தில் இருப்பவர் அதன் திருகைக் கால் சுற்று இறுக்குகிறார். சத்தம் நின்றதும் எல்லோரும் படகிலிருந்து குதிக்கிறார்கள். டைவிங்கில் இது கண்டிப்பாகச் செய்யக் கூடாத வேலை. சத்தம் வந்த இடம் செகண்ட் ஸ்டேஜ்தான்; ஆனால் கெட்டிருப்பது பல நேரம் சிலிண்டரில் மாட்டியிருக்கும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்.

சிலிண்டரில் இருக்கும் 200 பார் அழுத்தத்தை ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் குறைத்து, சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட 9 முதல் 10 பார் மட்டும் கூடுதலாக ஹோஸுக்குள் விடுகிறது. இதைத்தான் நடு அழுத்தம் (இன்டர்மீடியட் பிரஷர்), சுருக்கமாக ஐ.பி. என்கிறோம். வாயில் கடித்திருக்கும் செகண்ட் ஸ்டேஜ் நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். இன்று புழக்கத்தில் உள்ளவற்றில் பெரும்பாலானவை காற்று வரும் திசையிலேயே திறப்பவை. ஐ.பி. அளவு மீறினால், காற்றே உள்ளிருக்கும் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு வெளியேறிவிடும். அதாவது செகண்ட் ஸ்டேஜ் ஒரு சேஃப்டி வால்வும்கூட. அதன் திருகை இறுக்குவது, குக்கர் விசில் மேல் கல்லைத் தூக்கி வைப்பதுபோல.

ஆகவே முதல் கேள்வி: சத்தம் எப்போது தொடங்குகிறது? செகண்ட் ஸ்டேஜிலிருந்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு, காதருகே வைத்துப் பத்து இருபது விநாடி கேளுங்கள். மூச்சு முடிந்ததும் இடைவெளியே இல்லாமல் மெல்லிய சீறல் தொடர்ந்தால் செகண்ட் ஸ்டேஜைச் சந்தேகிக்கலாம். முதலில் அமைதி, சில விநாடி கழித்துச் சீறல், இன்னொரு மூச்சு இழுத்தால் மறுபடி அமைதி, பிறகு மறுபடி சீறல் என்றால் ஐ.பி. ஊர்ந்து ஏறுகிறது. ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் உயர் அழுத்த சீட், அதாவது காற்றை அடைக்கும் வால்வு மூடி, முழுதாக மூடவில்லை.

மெயினில் மட்டும்தான் சத்தம், ஆக்டோபஸ் (அவசரத்துக்கு வைத்திருக்கும் இரண்டாவது செகண்ட் ஸ்டேஜ்) அமைதியாக இருக்கிறது என்பதை வைத்து ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டில் எது லேசாகத் திறக்கும்படி டியூன் ஆகியிருக்கிறதோ அதுதான் முதலில் கசியும். மெயினை இறுக்கினால் அடுத்து ஆக்டோபஸ் சீறும்.

உறுதி செய்துகொள்ள ஒரு ஐ.பி. கேஜ் போதும். பி.சி.டி.க்கு (மிதவை ஜாக்கெட்) காற்று நிரப்பும் இன்ஃப்ளேட்டர் ஹோஸின் முனையில் மாட்டுகிற சிறிய கேஜ் அது, விலையும் அதிகமில்லை. மாட்டிவிட்டு வால்வை மெதுவாகத் திறங்கள். செகண்ட் ஸ்டேஜின் முகப்பில் இருக்கும், காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பட்டனை ஐந்தாறு முறை அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு முறையும் முள் கொஞ்சம் இறங்கி, உடனே ஏறி ஓரிடத்தில் ‘டக்’கென்று நிற்க வேண்டும். 9.4-க்கு வந்து 9.4-லேயே நின்றால் சீட் நன்றாக இருக்கிறது. 9.4, 9.6, 9.9 என்று நிற்காமல் நகர்ந்துகொண்டே போனால் சீட்டில் பள்ளம் விழுந்திருக்கலாம், அல்லது சீட்டுக்கும் அதில் உட்காரும் கூர்விளிம்புக்கும் நடுவே உப்புத் துகள் சிக்கியிருக்கலாம். சீட் புதிதாக மாற்றிய செட்டில் முள் சிறிதளவு நகர்ந்து பிறகு நின்றுவிடுவதுண்டு. அது சீட் பதிந்து உட்காருவது. நிற்காமல் ஏறுவதுதான் கோளாறு. 12 பார் வரை போனால் சோதனையை அங்கேயே நிறுத்தி, வால்வை மூடி, பர்ஜ் அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். செகண்ட் ஸ்டேஜ் இல்லாமல் வெறும் கேஜை மட்டும் மாட்டி இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. ஏறும் அழுத்தம் தப்பிக்க வழி வேண்டும். நிறைந்த சிலிண்டரில் ஒருமுறை, 50 பார் அளவில் ஒருமுறை பார்ப்பது நல்லது. சிலிண்டர் அழுத்தம் குறைவதால் பாதிக்கப்படாத பேலன்ஸ்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

முள் அசையாமல் நின்றும் சீறல் தொடர்கிறது என்றால், இப்போது செகண்ட் ஸ்டேஜுக்கு வரலாம். ரப்பர் சீட்டில் வட்டமாக ஆழத் தடம் விழுந்திருக்கும். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைத்த செட்டுகளில் இது சகஜம். வால்வைத் திறக்கும் லிவரின் உயரம் கூடிப்போய், மூச்சு இழுத்தால் உள்வாங்கும் சவ்வான டயாஃப்ரம் அதை எப்போதும் தொட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது சீட் அடைக்கும் காற்றுத் துளையான ஆரிஃபிஸின் விளிம்பு நசுங்கியிருக்கலாம். அந்த விளிம்பில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிராய்ப்பு போதும், புது சீட்டையும் அது கெடுத்துவிடும். ஆரிஃபிஸைத் திருப்பும்போது பர்ஜ் பட்டனை அழுத்திப் பிடித்து, சீட்டை விளிம்பிலிருந்து விலக்கி வைத்துத்தான் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் விளிம்பு சுழன்று ரப்பரை அறுக்கும். பயிற்சி இல்லாதவர்கள் இதில் கை வைக்க வேண்டாம்.

செகண்ட் ஸ்டேஜ் தண்ணீரில் வாய்ப்பகுதி மேல்நோக்கி விழுந்து ‘புர்ர்’ என்று கொட்டுவது கோளாறே அல்ல. வாய்ப்பகுதியைக் கீழ்நோக்கித் திருப்புங்கள், நின்றுவிடும். ஆக்டோபஸில் வெஞ்சுரி லிவர் (காற்று தானாகக் கொட்டுவதைக் கூட்டிக் குறைக்கும் நெம்பு) இருந்தால் குதிப்பதற்கு முன் அதை மைனஸ் பக்கம் தள்ளி வையுங்கள். பனி உறைந்து காற்று கொட்டுவது குளிர்நாட்டுப் பிரச்சினை. புதுச்சேரியிலோ ராமேஸ்வரத்திலோ திருகோணமலையிலோ கடலில் அதைத் தேட வேண்டாம். நம் கடலில் உப்பும் மணலும்தான் எதிரி.

அடுத்தது ஊளை. மூச்சு இழுக்கும்போது ‘ஊம்ம்ம்’ என்று சங்கு ஊதுவதுபோல ஒரு முனகல். கேட்பவர் பயந்துபோவார். ஃபர்ஸ்ட் ஸ்டேஜை விரல்களால் பிடித்துக்கொண்டு மூச்சு இழுங்கள். அதிர்வு விரலில் தெரிந்தால், உள்ளே வால்வுத் தண்டு நடுங்குகிறது. டயாஃப்ரம் வகை ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் அந்தத் தண்டைப் பிடித்திருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தேய்ந்தோ காய்ந்தோ போயிருக்கும். பிடிமானம் குறைந்ததும் தண்டு காற்றோட்டத்தில் அதிரத் தொடங்குகிறது. ஹோஸுக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து ஒலிப்பதால், வேறு நீள ஹோஸ் மாட்டினால் சுருதி மாறலாம், மறைந்தும் போகலாம். மறைந்தாலும் ஓ-ரிங் தேய்ந்தது தேய்ந்ததுதான், மாற்றியே ஆக வேண்டும். அதிர்வு செகண்ட் ஸ்டேஜில் தெரிந்தால் அங்குள்ள பாப்பெட்டின் (வால்வுத் தண்டின்) ஓ-ரிங்கைப் பாருங்கள். மூச்சு விடும்போது மட்டும் ‘குவாக்’ என்று கேட்டால், மூச்சுக்காற்றை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு விறைத்துப்போய் படபடக்கிறது.

‘கொளகொள’ சத்தத்தோடு வாயில் உப்புநீரும் வந்தால், காற்று கசியவில்லை, தண்ணீர் நுழைகிறது. சிலிண்டரிலிருந்து கழற்றி, ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் டஸ்ட் கேப்பை (தூசி மூடியை) இறுக்கி மாட்டிவிட்டு வாயால் உறிஞ்சிப் பாருங்கள். கொஞ்சமும் காற்று வரக் கூடாது. வந்தால் மவுத்பீஸைப் பாருங்கள்: ஜிப் டை தளர்ந்திருக்கும், அல்லது டைக்கு அடியில் ரப்பர் கிழிந்திருக்கும். அது சரியாக இருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ஒரு தலைமுடியோ மணலோ அதன் ஓரத்தில் மாட்டினாலே போதும். கடைசியாக டயாஃப்ரம்; வெளிச்சத்தில் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிப்புறக் கசிவுகளைக் காதைவிடக் கண் நன்றாகப் பிடிக்கும். அழுத்தத்தோடு முழு செட்டையும் நன்னீர்த் தொட்டியில் அமுக்குங்கள். சிலிண்டர் வாயில் குமிழி என்றால் அங்குள்ள ஓ-ரிங். மாற்று ஓ-ரிங் பையில் எப்போதும் இருக்கட்டும். பிரஷர் கேஜும் ஹோஸும் சேரும் இடத்தில் குமிழி வந்து, கேஜைத் திருப்பினால் கூடிக்குறைந்தால், உள்ளேயுள்ள ஸ்பூல் என்னும் சிறு இணைப்புக் குழாயின் இரண்டு சின்ன ஓ-ரிங்குகள். பிஸ்டன் வகை ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் பக்கத் துளைகளிலிருந்து குமிழி வந்தால் பிஸ்டன் ஓ-ரிங். அன்றைக்கு அந்த செட்டோடு இறங்க வேண்டாம். எந்த ஹோஸையும் அழுத்தம் இருக்கும்போது ஸ்பானர் போட்டு இறுக்காதீர்கள். வால்வை மூடி, பர்ஜ் அழுத்திக் காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகுதான் ஸ்பானர்.

சத்தமே போடாத ஒரு ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு மூச்சுக்கும் பிரஷர் கேஜ் முள் இறங்கி ஏறினால், சிலிண்டர் வால்வு பாதிதான் திறந்திருக்கிறது, அல்லது ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஃபில்டர் பச்சையாக இருந்தால் உப்புநீர் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பாக இருந்தால் ஸ்டீல் சிலிண்டரின் துரு. கறுப்பாக இருந்தால் கம்ப்ரசரைப் பார்க்க வேண்டும்.

ஆழத்தில் காற்று கொட்டத் தொடங்கினால் மவுத்பீஸை உதடால் இறுக்கி மூடாதீர்கள். மிச்சக் காற்று ஓரமாக வெளியேறட்டும், தேவையானதை மட்டும் உறிஞ்சிக்கொண்டு துணையோடு மேலே வாருங்கள். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் மொத்தம் சுமார் 2400 லிட்டர் காற்று. முழுதாகத் திறந்து கொட்டினால் சில நிமிடம்கூடத் தாங்காது.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ‘சத்தம் வருது’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எழுத வேண்டியது இப்படி: ‘மெயின் செகண்ட் ஸ்டேஜ், மூச்சுக்குப் பிறகு 8 விநாடி கழித்துச் சீறல். ஐ.பி. 9.5-இல் தொடங்கி 2 நிமிடத்தில் 10.8. சிலிண்டர் 190 பார். திருகைத் தொடவில்லை.’