ஏழாம் நம்பர்ல ஒரு நெளிவு

ஜூலை 2

பழைய வண்டியோட முன்பக்க நம்பர் பிளேட்டைக் கழட்டியாச்சு. நாலு போல்ட்ல மூணு சமத்தா வந்துச்சு, நாலாவது தலை உருண்டுபோயி ராத்திரி பூரா எண்ணெய் ஊத்தி ஊறவச்சும் அசையல, கடைசில டிரில் போட்டுத்தான் எடுத்தேன். ஆனா இன்னிக்கு எழுதணும்னு தோணினது அது இல்ல. வாஷரைப் பிரிச்சதும் அடியில ஒரு வளையம், மழை பட்ட இலை மாதிரி பளிச்சுன்னு பச்சை. பிளேட் பூரா கறுப்பு, அந்த ஒரு வளையம் மட்டும் பச்சை. நான்தான் சின்ன வயசுலேர்ந்து பச்சை பச்சைன்னு சொல்லிட்டிருக்கேன், ஒருத்தரும் நம்பல. இருக்குற ஒரே போட்டோவும் கறுப்பு வெள்ளை, அதுல எல்லாமே சாம்பல்தான்.

ஜூலை 3

அண்ணனுக்கு மெசேஜ் போட்டேன். பின்பக்க பிளேட் வேணும்னு, அதோட கலர் என்னன்னு. பதில் இல்ல.

ஜூலை 5

சாண்ட் பிளாஸ்டிங் பண்ணிடலாமேன்னு பாக்குறவங்க எல்லாரும் சொல்றாங்க. தகரம் எவ்வளவு மெல்லிசுன்னு கையில தூக்கிப் பாத்தா தெரியும், வேகமா மணல் அடிச்சா அப்பளம் மாதிரி வளைஞ்சுக்கும், எழுத்தோட ஓரமும் மழுங்கிப்போகும். பெயின்ட் ரிமூவர் தடவி பிளாஸ்டிக் கரண்டியால சுரண்டுறேன். பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும், அதனால காஞ்ச நிலையில தேய்க்கவே கூடாது, தூசி மூக்குக்குள்ள போனா ஆபத்து. தண்ணி விட்டு உப்புத்தாள், மாஸ்க், கிளவுஸ், கீழே விரிச்ச பேப்பரை அப்படியே சுருட்டி தனியா கட்டி வைக்கிறது. ரொம்ப பண்றேன்னு வீட்டுல சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும்.

7-ஓட கால்ல அந்த நெளிவு. கட்டை விரல் உக்கார்ற அளவு பள்ளம். அதைத் தொடும்போதெல்லாம் அந்த சாயங்காலம்தான் ஞாபகம் வருது. லேசாத்தான் உரசுச்சு, சத்தியமா லேசாத்தான், கேட் அசையக்கூட இல்ல, இறங்கிப் பாத்தா இவ்வளவு பெரிய பள்ளம். அப்புறம் எத்தனை வருஷம், சாவி கேட்டாலே "கேட் ஞாபகம் இருக்கா"ன்னு.

பள்ளத்துக்குள்ள ஓரமா காஞ்ச மாவு மாதிரி எதுவோ ஒட்டியிருக்கு. சுரண்டினா வரல. நாளைக்குப் பாக்கலாம்.

ஜூலை 6

இன்னும் பதில் இல்ல. பாத்துட்டான், பதில்தான் இல்ல.

ஜூலை 8

துருவுக்கு மின்சார வைத்தியம். பிளாஸ்டிக் தொட்டில தண்ணி, வாஷிங் சோடா கொஞ்சம், பேட்டரி சார்ஜரோட நெகட்டிவ் பிளேட்டுக்கு, பாசிட்டிவ் ஒரு பழைய இரும்புத் துண்டுக்கு. மாத்திக் குடுத்தா நம்ம பிளேட்டே கரைஞ்சு போகும், மூணு தடவை செக் பண்ணிட்டுத்தான் சுவிட்ச் போட்டேன். அந்த இரும்புத் துண்டுக்குப் பதிலா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவே கூடாது, தண்ணில விஷமான குரோமியம் இறங்கிடும். பிளேட்டைச் சுத்தி குமிழ் குமிழா வர்றது ஹைட்ரஜன், அதனால தொட்டி வெளியில, நெருப்பு பக்கத்துல இல்லாத இடத்துல. நாள் பூரா அது முன்னாடியே உக்காந்திருந்தேன். சாயங்காலம் எடுத்தப்போ துரு எல்லாம் கறுப்பு சேறா மாறியிருந்துச்சு, பிரஷ் போட்டதும் வழிஞ்சு போச்சு. கீழே நல்ல இரும்பு.

ஜூலை 9

28க்கு வண்டி வாசல்ல நிக்கணும். 19 நாள்.

ஜூலை 11

தூக்கம் வரல. நம்பர் பிளேட் கதையா படிச்சுட்டிருக்கேன். 1893லயே பாரிஸ் போலீஸ் வண்டிக்கு பிளேட் மாட்டணும்னு உத்தரவு போட்டிருக்கு. 1903ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாகாணம் குடுத்தது இரும்பு மேல பீங்கான் பூச்சு, நீலத்துல வெள்ளை எழுத்து. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல இரும்புக்குத் தட்டுப்பாடு வந்து 1943ல இல்லினாய்ஸ்ல சோயாபீன் நார் அட்டையிலயே பிளேட் பண்ணியிருக்காங்க, அதை ஆடு மாடு தின்னுடுச்சாம். நம்மளோடது அட்டையா இருந்திருந்தா இந்தப் பாடே இல்ல, ஏதாவது ஆடு எப்பவோ முடிச்சு விட்டிருக்கும்.

மணி 2:40. எழுந்து போயி போன்ல 5ம் தேதி எடுத்த போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்தேன். பள்ளத்து ஓரத்துல உப்புத்தாள் போட்ட இடத்துல மரத்தை அறுத்தா தெரியிற மாதிரி வளையம் வளையமா இருக்கு. மேல கறுப்பு. அதுக்குக் கீழே அந்த வெள்ளை மாவு. அதுக்குக் கீழே பச்சை. அதுக்குக் கீழே இரும்பு.

மாவு இல்ல அது. பட்டி, பள்ளத்தை அடைச்சு மறைக்கப் பூசுறது.

பட்டி மேல கறுப்பு. அப்போ பள்ளம் விழுந்ததுக்கு அப்புறம்தான் கறுப்பு அடிச்சிருக்கு. கேட்ல இருந்து ஒட்டின சில்வர் கீறல் கறுப்புக்கு மேல இருந்துச்சு, அதுவும் 2 பக்கத்துல, 7 பக்கத்துலயே இல்ல. நான் உரசினதுல பட்டி பேந்து விழுந்திருக்கு, அவ்வளவுதான். உள்ள பழைய பள்ளம் ரெடியா இருந்திருக்கு.

பிளேட்டைக் கழட்டாம, வாஷரோட, அவசரமா அடிச்ச கறுப்பு. அப்பா பெயின்ட் அடிச்சா அப்படித்தான் அடிப்பாரு.

ஜூலை 12

எதுவும் செய்யல.

ஜூலை 14

பள்ளத்தைத் தட்டி எடுக்கணுமா வேணாமா. ரெண்டு நாளா இதேதான். மணல் பை மேல குப்புறப் போட்டு, 7-ஓட அகலத்துக்கு ஒரு கட்டையைச் செதுக்கி, பின்னாடி இருந்து மரச்சுத்தியால மெதுவா தட்டினா முக்கால்வாசி வந்துடும். இரும்பு ஒரு தடவை இழுபட்டுட்டா முழுசா பழைய இடத்துக்குப் போகாது, மீதிக்கு மறுபடி பட்டிதான் பாக்கணும். மறுபடி பட்டி! கட்டையைச் செதுக்கிட்டேன். தட்டல. அப்பாவுக்குத் தெரியும்ல. அந்த சாயங்காலம் வெளியே வந்து குனிஞ்சு பாத்தாரு, விரலை வச்சுப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாரு. நான் அதைக் கோவம்னு நெனச்சேன்.

ஜூலை 16

தட்டியாச்சு. பாதி மட்டும். பட்டி பாக்கப் போறதில்ல. பிரைமர் ரெண்டு கோட், மெல்லிசா.

ஜூலை 17

மழை. ஈரத்துல ஸ்ப்ரே அடிச்சா மங்கிப்போகும். சும்மா இருக்கேன்.

ஜூலை 19

பச்சை அடிச்சேன். வாஷரடி வளையத்தை போட்டோ எடுத்து வச்சிருந்தேன், ஆனா போன் ஸ்கிரீனை நம்பி கலர் எடுக்க முடியாதுன்னு அந்த இடத்துல பேந்து வந்த செதிலை கண்ணாடித் துண்டுல ஒட்டி வச்சு அதோட ஒப்பிட்டுத்தான் கலந்தேன். மூணாவது கலவை சரியா வந்துச்சு.

ஜூலை 20

நாசம். ஒரு இடம் மெல்லிசா தெரியுதேன்னு இன்னொரு கோட் அடிச்சேன், அஞ்சு நிமிஷத்துல பால் ஏடு மாதிரி சுருங்கிக்கிச்சு. டப்பாலயே போட்டிருக்கு, ஒரு மணி நேரத்துக்குள்ள அடி, இல்லைன்னா நல்லா காயிற வரைக்கும் காத்திரு. நேத்து படிச்சேன், இன்னிக்கு மறந்தேன். எல்லாத்தையும் தேய்ச்சு மறுபடி மொதல்ல இருந்து. பிளேட்டைத் தூக்கி எறிஞ்சுடலாம்னு இருக்கு.

ஜூலை 21

பச்சை, மறுபடி. இந்தத் தடவை கடிகாரத்தைப் பாத்துப் பாத்து.

ஜூலை 24

எழுத்து. இதுக்காகத்தான் இவ்வளவு நாளும். பிரஷ்ஷால வரையறது இல்ல, கண்ணாடி மேல வெள்ளை எனாமலைக் கொஞ்சமா ஊத்தி ரப்பர் ரோலரை அதுல நாலஞ்சு தடவை ஓட்டி, உருட்டும்போது ஒட்டி உரியிற மாதிரி சத்தம் வரணும், வழவழன்னு ஓடினா பெயின்ட் அதிகம்னு அர்த்தம், ஓரத்துல வழிஞ்சிடும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு குறுக்கால ஒரே ஓட்டம். புடைச்சிருக்கிற இடம் மட்டும் வெள்ளையாச்சு, பச்சை பச்சையாவே நின்னுச்சு. 7-ஓட கால்ல மட்டும் பள்ளத்துல ரோலர் படல. அந்த இடத்துல ஒரு பிறை மாதிரி பச்சை தெரியுது. சின்ன பிரஷ் எடுத்தேன், நனைச்சேன், துடைச்சு வச்சுட்டேன்.

ஜூலை 25

அண்ணன் பதில். 22 நாள் கழிச்சு.

"கறுப்புதான்டா. பச்சை மேல அடிச்சது. எனக்குத் தெரியாதா, டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே நான்தான். பார்சல் அனுப்பிட்டேன்."

எத்தனை தடவை படிச்சேன்னு தெரியல. டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். அப்போ பள்ளத்தையும் பாத்திருப்பான். பட்டி காயிற வரைக்கும் பக்கத்துலயே நின்னிருப்பான். "கேட் ஞாபகம் இருக்கா"ன்னு அதிகமா கேட்டது அவன்தான்.

யாரு இடிச்சது அப்போ?

டைப் பண்ணினேன். அழிச்சுட்டேன்.

ஜூலை 26

பார்சல் வந்துடுச்சு. நாலு சுத்து பேப்பர். பின்பக்க பிளேட் கறுப்பு, ஒரு நெளிவு இல்ல. ஒரு போல்ட் ஓட்டைல வாஷர் ஒட்டிக்கிட்டே வந்திருக்கு. இன்னும் நெம்பல.