மல்லாட்டை, 40 கஜம், ஸ்டீவ் ஸ்பரியர்

"பாட்டி கதை சொல்ல ஆரம்பித்தால் நடுவில் போனை எடுக்கக் கூடாது" என்று காரிலேயே மகளிடம் சொல்லிவிட்டேன். பாட்டி என்று நான் சொன்னது என் பழைய வீட்டுக்காரம்மாவை. 1996 ஆகஸ்டில் பூச்சியியல் முதுகலை படிக்க ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, கெய்ன்ஸ்வில் ஊரில் தன் வீட்டுப் பின்னறையை எனக்கு வாடகைக்கு விட்டவர். இப்போது அவருக்கு 80 வயது நெருங்குகிறது. முழங்கால் சரியில்லை. ஆனால் ஸ்டீவ் ஸ்பரியர் பெயரை எடுத்தால் போதும், நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார். ஸ்பரியர் அந்தப் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் பழைய நட்சத்திரம், பிறகு அதன் கோச்.

வந்த முதல் வாரமே ஊர்ச் சாலையோரம் ஒருவர் பெரிய அண்டாவில் கடலை அவித்து விற்றுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். திண்டிவனத்துக்காரிக்கு அது எப்படி இருந்திருக்கும்! எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். ஓட்டோடு உப்புப் போட்டு வேகவைத்தது. பல்லிடுக்கில் வைத்து அழுத்தினால் சூடான உப்புத்தண்ணீர் வாய்க்குள் தெறிக்கும். வடக்கு ஃப்ளோரிடாவிலும் அப்படியேதான் தின்கிறார்கள். இரண்டு பை வாங்கி வந்து ஒன்றை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதை கார் ஷெட்டில் இருந்த மேஜைக்குக் கொண்டுபோனார். அங்கே அவர் தம்பியும் பக்கத்து வீட்டுக்காரரும் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னையும் உட்காரச் சொன்னார்கள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், இரண்டரை வருடம் சனிக்கிழமைகளில் வேறெங்கும் போனதில்லை.

அப்போது எனக்கு அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி ஒன்றும் தெரியாது. குவார்ட்டர்பேக் என்றால் யார் என்று கேட்டேன். தம்பி சொன்னார்: "பந்து முதலில் யார் கைக்கு வருகிறதோ அவன். எறிவதா, கொடுப்பதா, தானே ஓடுவதா என்று மூன்று விநாடிக்குள் முடிவெடுப்பவன்." அப்புறம் வீட்டுக்காரம்மா ஒரு மல்லாட்டையை எடுத்து மேஜை நடுவில் வைத்து, "இதைச் செங்குத்தாகப் பிடி" என்றார். நான் ஆள்காட்டி விரலால் அதன் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

1966 அக்டோபர் 29. ஆபர்ன் பல்கலைக்கழக அணியோடு கெய்ன்ஸ்வில்லிலேயே மேட்ச். அவர் அப்போது அங்கே மாணவி. ஸ்கோர் 27-27. முடிய இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். கோல் கம்பத்துக்கு 40 கஜம் இருக்கிறது. பந்தை உதைத்து அந்தக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் 3 புள்ளி. வழக்கமாக கிக் அடிப்பவருக்கு அவ்வளவு தூரம் போகுமா என்பது சந்தேகம். குவார்ட்டர்பேக் ஸ்பரியர் கோச் ரே கிரேவ்ஸ் பக்கம் திரும்பி, நானே அடிக்கிறேன் என்று சைகை காட்டினார். 21 வயதுப் பையன். கோச் சரி என்றார். "எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரம்மா நடுவிரலால் சுண்டினார். மல்லாட்டை என் விரலடியிலிருந்து பறந்து ரேடியோவைத் தாண்டி விழுந்தது. 30-27.

அந்த வருடம் ஹைஸ்மன் கோப்பை, அதாவது கல்லூரி ஃபுட்பாலில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான விருது, ஸ்பரியருக்குப் போனது. விருது மேடையிலேயே அதைத் தன் பல்கலைக்கழகத் தலைவர் வெய்ன் ரைட்ஸ் கையில் கொடுத்துவிட்டார். கல்லூரி மாணவர் அமைப்பு பணம் போட்டு அவருக்காக இன்னொன்று செய்து கொடுத்தது. அதிலிருந்துதான் ஆட்டக்காரருக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று என இரண்டு கோப்பை கொடுக்கும் வழக்கம் வந்தது. டென்னசி மாநிலம் ஜான்சன் சிட்டியில் வளர்ந்த பாதிரியார் மகன் அவர். அந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதில் வீட்டுக்காரம்மாவுக்குச் சந்தேகமே கிடையாது.

அப்புறம் தொழில்முறை ஆட்டம். அதில் பெரிதாக ஒன்றுமில்லை. சான் பிரான்சிஸ்கோவில் பல வருடம், கடைசியாக 1976-இல் டம்பா பே அணியில் ஒரு வருடம். அந்த அணி அந்த சீசனில் ஆடிய 14 மேட்சிலும் தோற்றது. இதைச் சொல்லும்போது தம்பியின் குரல் இறங்கிவிடும். டியூக் பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்து 1989-இல் அவர்கள் வட்டாரப் பட்டத்தைப் பெற்றுத் தந்த பிறகு, 1990-இல் தன் கல்லூரிக்கே கோச்சாகத் திரும்பினார்.

இங்கே பக்கத்து வீட்டுக்காரர் குறுக்கிடுவார். வாழ்நாள் முழுக்கப் புல்தரை பராமரிக்கும் வேலை பார்த்தவர் அவர். "வந்ததும் முதலில் என்ன செய்தார் தெரியுமா? பிளாஸ்டிக் தரையைப் பெயர்த்தெடுத்துவிட்டு நிஜப் புல் போட வைத்தார்." மற்றவர்களுக்கு ஸ்கோர் ஞாபகம் இருக்கும். இவருக்குப் புல்தான். அந்த மைதானம் ஒரு பள்ளத்தில் கட்டப்பட்டது. ஆடுகளம் கீழே, சுற்றிலும் கூட்டம் நெருக்கி உட்கார்ந்திருக்கும். வெளியூர் அணி வந்தால் வெயிலும் புழுக்கமும் கத்தலும் சேர்ந்து அழுத்தும். "சதுப்பு நிலம்" என்று பொருள்படும் "ஸ்வாம்ப்" என்ற பெயரை வைத்ததும் ஸ்பரியர்தான். ஃப்ளோரிடா அணியின் பெயரே "கேட்டர்ஸ்", அதாவது முதலைகள். முதலைக்குப் பழகிய இடம், மற்றவர்களுக்கு ஆபத்து என்று விளக்கமும் கொடுத்தார். 12 வருடத்தில் அந்த மைதானத்தில் அவர் வென்றது 68, தோற்றது 5.

நான் முதலில் நேரில் பார்த்தது 1996 அக்டோபர் 12, எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணியோடு நடந்த மேட்ச். 56-13. மாணவர் டிக்கெட். எனக்குப் பாதி விதி புரியவில்லை. ஆனால் கோச்சை மட்டும் கண் விடவில்லை. தலையில் வைசர், அதாவது உச்சி மூடாமல் நெற்றிக்கு மட்டும் நிழல் தரும் தொப்பி. கோபம் வந்தால் அதைக் கழற்றி வீசுவதில் பேர்போனவர். தென்கிழக்குக் கல்லூரிகளில் அதுவரை பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுவதுதான் ஆட்டம் என்றிருந்தது. இவர் பந்தை எறிய வைத்தார். அதுவும் முன்னிலையில் இருக்கும்போதும் நிறுத்தாமல். எதிராளியை அவமானப்படுத்துகிறார் என்று திட்டியவர்கள் நிறைய. ஜார்ஜியாவில் இன்றும் திட்டுகிறார்கள். நான் இப்போது குடியிருப்பது ஜார்ஜியாவில், அதனால் நன்றாகவே தெரியும். 1995-இல் ஜார்ஜியா பல்கலைக்கழக அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 52-17 என்று அடித்தார். அந்த மைதானத்தில் எந்த எதிரணியும் 50 புள்ளி எடுத்ததில்லை, அதை எடுத்துப் பார்க்கத்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். வீட்டுக்காரம்மாவின் கணக்கு வேறு: 1966-இல் ஆபர்னை வென்ற அடுத்த வாரம், அதுவரை தோற்காத ஃப்ளோரிடாவை ஜார்ஜியா 27-10 என்று கவிழ்த்தது. ஸ்பரியர் அதை மறக்கவில்லை. ஃப்ளோரிடா கோச்சாக ஜார்ஜியாவோடு மோதிய 12 முறையில் 11 முறை வென்றார்.

அந்தத் துணிச்சலைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வாய்த்துடுக்கு, வைசர், 52 புள்ளி. எனக்கு மனதில் நிற்கிற ஸ்பரியர் வேறு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

1996 ஜனவரி 2-ஆம் தேதி தேசியப் பட்டத்துக்கான ஆட்டத்தில் நெப்ராஸ்காவிடம் 62-24 என்று தோற்றார்கள். நான் வருவதற்கு முன்பு நடந்தது. ஆனால் அந்த மேஜையில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்காத விதத்திலேயே அது எவ்வளவு பெரிய அடி என்று தெரிந்தது. அடுத்த சீசனில் குவார்ட்டர்பேக் டேனி வெர்ஃபெல். அவரும் பாதிரியார் மகன், பரமசாது. வரிசையாக வென்றுகொண்டே வந்தார்கள். நவம்பர் 30-இல், அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 24-21 என்று தோற்றார்கள். அன்றைக்கு வெர்ஃபெலை அவர்கள் அடித்த அடி! பந்தை எறிந்து முடித்த பிறகும் வந்து மோதினார்கள். ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா ஒவ்வொரு முறையும் மேஜையைப் பிடித்துக்கொண்டார். விசிலுக்குப் பிறகு அடிக்கிறார்கள் என்று ஸ்பரியர் பகிரங்கமாகவே குற்றம் சாட்டினார்.

பட்டம் போச்சு என்றுதான் நினைத்தோம். ஆனால் தரவரிசையில் எங்களுக்கு முன்னால் இருந்த நெப்ராஸ்காவை டிசம்பர் 7-இல் டெக்சாஸ் வென்றது. அன்றைக்கே ஃப்ளோரிடா அலபாமாவை 45-30 என்று வென்றது. புத்தாண்டன்று அதுவரை தோற்காத அரிசோனா ஸ்டேட், ஒஹையோ ஸ்டேட்டிடம் கடைசி விநாடிகளில் தோற்றது. அடுத்த நாள் நியூ ஆர்லியன்ஸில் மறுபடியும் ஃப்ளோரிடா ஸ்டேட், இந்த முறை தேசியப் பட்டத்துக்கு.

விடுமுறைக்கு ஊருக்குப் போக என்னிடம் பணமில்லை. நால்வரும் வீட்டுக்காரம்மா வரவேற்பறையில் டிவி முன்னால். முதல் முறை பந்து நம் பக்கம் வந்தபோதே தம்பி எழுந்து நின்றுவிட்டார். "பின்னால் நிற்கிறான், பாருங்கள், பின்னால் நிற்கிறான்!" வழக்கமாக ஸ்பரியரின் குவார்ட்டர்பேக் பந்தைக் கொடுப்பவரின் முதுகோடு ஒட்டி நின்று கையில் வாங்குவார். அப்படித்தான் ஆட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஷாட்கன் என்று ஒரு முறை இருக்கிறது: ஐந்து கஜம் பின்னால் நின்றால் பந்து பறந்து கைக்கு வரும், எதிரே யார் பாய்ந்து வருகிறார்கள் என்று பார்க்க ஒரு மூச்சு நேரம் கிடைக்கும். ஸ்பரியருக்குப் பிடிக்காத முறை அது. அதைத்தான் அன்றைக்கு எடுத்தார். தான் பல வருடம் பிடித்து வைத்திருந்ததை, ஒரு பையன் உடம்பு புண்ணாகிறது என்பதற்காக ஒரே மாதத்தில் மாற்றிக்கொண்டார்.

வெர்ஃபெலுக்கு நேரம் கிடைத்தது. எறிந்தார். ஐக் ஹில்லியர்ட் ஒரு பாஸை வாங்கியதும் ஓடாமல் அப்படியே சட்டென்று நின்றார். துரத்தி வந்தவர்கள் நிற்க முடியாமல் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவர் நிதானமாகத் திரும்பி ஓடி, பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் டச்டவுன் போட்டார். தம்பிக்கு இன்றுவரை உலகத்திலேயே அழகான காட்சி அதுதான். 52-20. ஃப்ளோரிடாவுக்கு முதல் தேசியப் பட்டம். அந்த வருட ஹைஸ்மன் ஏற்கெனவே வெர்ஃபெலுக்குக் கிடைத்திருந்தது. ஹைஸ்மன் வென்ற ஒருவர் தன் மாணவனும் ஹைஸ்மன் வாங்கப் பார்த்தது அதுதான் முதல் முறை. வெளியே வந்தால் தெரு முழுக்க ஹாரன். பக்கத்து வீட்டுக்காரர் தன் புல்தரையில் மல்லாந்து படுத்திருந்தார்.

இந்த ஷாட்கன் விஷயத்தில் எனக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் 28 வருடமாக வாக்குவாதம். "அதெல்லாம் மாற்றம் இல்லை. 40 கஜம் தள்ளி நின்று, எட்டும் என்று கண்ணால் பார்த்தான், அடித்தான். பையன் அடிபடுவதைப் பார்த்தான், பின்னால் நிறுத்தினான். பார்த்ததை நம்புகிறவன்" என்பார். 1997-இல் அதுவரை தோற்காத ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராக, ஒரே மேட்சில் இரண்டு குவார்ட்டர்பேக்குகளை ஒவ்வொரு முறையும் மாற்றி மாற்றி அனுப்பி 32-29 என்று வென்றதையும் அதே கணக்கில் சேர்ப்பார். அந்த மேட்சை நான் மைதானத்தில் பார்த்தேன். மூன்று நாள் தொண்டை கட்டியிருந்தது.

2002 ஜனவரியில் அவர் விலகி வாஷிங்டன் தொழில்முறை அணிக்குக் கோச்சாகப் போனது, அங்கே இரண்டு வருடத்தில் 20 தோல்வி, இதெல்லாம் மேஜையில் சீக்கிரம் கடந்துவிடும். சவுத் கரோலினா பல்கலைக்கழகம் மட்டும் கடக்காது. 2010 நவம்பரில் அந்த அணியின் கோச்சாக ஸ்வாம்புக்கே வந்து 36-14 என்று வென்றார். வீட்டுக்காரம்மா மைதானத்தில் இருந்தார். இரவு போனில் கூப்பிட்டவர் ஒரு நிமிடம் பேசவே இல்லை. "நம் பையன் நம் வீட்டிலேயே வந்து நம்மை அடித்துவிட்டான்" என்றார். அழுதாரா சிரித்தாரா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை. 2015-இல் சீசன் நடுவில் அவர் அங்கிருந்து விலகியதைப் பக்கத்து வீட்டுக்காரர் கடைசிவரை ஏற்கவில்லை. பாதி வெட்டிய புல்லை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பார். ஆனால் 2016-இல் ஆடுகளத்துக்கு ஸ்பரியர் பெயர் வைத்தபோது, "புல்லுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், சரியான இடம்" என்று எனக்குக் கடிதம் எழுதினார். போன வசந்தத்தில் அவர் காலமானார். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

கார் ஷெட்டில் அதே மேஜை. மூன்றாவது நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. தம்பி ஹில்லியர்ட் நின்ற விதத்தை என் மகளுக்கு எழுந்து நடித்துக் காட்டினார், 70 தாண்டிய உடம்போடு. வழியில் வாங்கிய மல்லாட்டைப் பையை நான் பிரித்தேன். வீட்டுக்காரம்மா ஒன்றை எடுத்துத் துடைத்து, மேஜை நடுவில் வைத்து, மகளைப் பார்த்தார்.

"இதைச் செங்குத்தாகப் பிடி."

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு விரலை நீட்டினாள்.