பல்லைக் காட்டுடா!

நம் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்து மலர்க்குழு என்னிடம் கேட்டது அறிவியல் சாரைப் பற்றி இரண்டு பக்கம். "நீதான் அவருக்குச் செல்லப்பிள்ளை, நீயே எழுதிடு" என்று செயலாளர் குரல்பதிவு அனுப்பியிருந்தார். போன தை மாதம் அவர் மனைவி, நம் கணக்கு டீச்சர் காலமானபோது நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த இரங்கல்களைப் பார்த்திருப்பீர்கள். முக்கால்வாசி சாரைப் பற்றித்தான். 'ஏரியை மீட்ட மாமனிதரின் துணைவியார்' என்று ஒருவர் போட்டார், நாற்பது பேர் அதற்குக் கைகூப்பினார்கள். செத்த பிறகும் துணைவியார்தான். அதனால் இந்தக் கட்டுரை டீச்சரைப் பற்றி. சார் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த இரங்கலைப் படித்துவிட்டு என்னிடம் முதலில் எரிந்துவிழுந்ததே அவர்தான்.

கட்டுரைக்குக் கீழே என் பெயரைப் பார்த்து யாரிது என்று யோசிப்பவர்களுக்கு: 'புளோரைடு' என்றால் தெரியும். அந்தப் பெயரை எனக்கு வைத்தது சார். அவருக்கே தெரியாமல் வைத்தார்.

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, சத்துணவு முடிந்து முதல் பீரியட். குளோரின், புளோரின் வகையறாவான உப்பீனிகள் பாடம். சார் என்னைப் பார்த்தார். "மூணாவது பெஞ்சு, எழுந்து வாடா. பல்லைக் காட்டு." சிரிக்கச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துவைத்தேன். தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவர் விரலில் இருந்த சாக்பீஸ் தூள் என் உதட்டில் ஒட்டிக்கொண்டது. "நல்லா பாருங்க. குறுக்கே வெள்ளைக் கோடு, அதுக்கு மேல காவி. பல்லு விளக்காததால வந்த அழுக்கு இல்ல இது. ஈறுக்குள்ள பல்லு உருவாகிற வயசுல இவன் குடிச்ச தண்ணியில புளோரைடு இருந்திருக்கு. பாறையில இருந்த புளோரைடு தண்ணிக்கு வந்து, தண்ணியிலேர்ந்து பல்லுக்கு வந்திருக்கு. இனி எதைப் போட்டுத் தேய்ச்சாலும் போகாது."

அறிவியல்படி அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. இன்றைக்கும் இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் வகுப்பு சிரித்தது. சிரித்ததில் பாதிப் பேர் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார்கள், அவர்களுக்கும் அதே பல். கடைசி மணி அடிப்பதற்குள் பெயர் எங்கள் ஊர் பஸ் வரைக்கும் போய்விட்டது.

அன்று மாலை சைக்கிள் ஸ்டாண்டில் டீச்சர் என்னை நிறுத்தினார். ஆறாம் வகுப்பிலிருந்து கணக்கு எடுத்தவர். அவர் வாய்விட்டுச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கண்டிப்பு என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தோம். அங்கே, வேப்பமரத்துக்குக் கீழே, முந்தானையை விலக்கிவிட்டு உதட்டைப் பிரித்துக் காட்டினார். என்னுடையதைவிட மோசம். ஓரப்பல்லில் சின்னச் சின்னக் குழிகூட இருந்தது.

"அவரு பொண்ணு பார்க்க வந்தப்ப நானும் வாயே திறக்கல. ஊமைன்னு நினைச்சாராம்" என்றார். அப்புறம், "அவருக்கு டெல்டாத் தண்ணி. என்ன தெரியும் அவருக்கு. சனிக்கிழமை தண்ணி எடுக்கப் போறோம், நீயும் வா. நம்ம மாதிரி பல்லு இருக்கிறவங்க கேட்டாத்தான் ஊர்ல பதில் சொல்லுவாங்க."

சார் திருவையாறு பக்கம். தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடித்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியவர். மாறுதல் வாங்கிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடுவதுதான் திட்டம். பென்னாகரத்துப் பக்கத்துப் பெண்ணைக் கட்டியதும் திட்டம் போயிற்று. அவர்கள் வீட்டில் நான் கேட்ட சண்டைகளில் எனக்குப் பிடித்தது காவிரிச் சண்டை. ஒகேனக்கல்லில் எங்கள் மாவட்டத்து வாசலிலேயே விழுந்து, மேட்டூரில் நின்று, நேராக அவர் ஊர் வயலுக்குப் போகிற தண்ணீர் அது. "பார்த்துக்கிட்டே இருக்கலாம், குடிக்க முடியாது. உங்க ஊர்ல அதுல மாடு குளிப்பாட்டுறாங்க" என்பார் டீச்சர். சாரிடம் அதற்குப் பதில் கிடையாது.

அந்தச் சனிக்கிழமைகளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், என்.எஸ்.எஸ். சட்டை போட்டவர்கள் பாதிப் பேர் போயிருக்கிறீர்கள். டிவிஎஸ் 50-ல் சார் முன்னால், டீச்சர் பின்னால், மடியில் டப்பாப் பை. கண்ணாடி பாட்டிலில் யாராவது தண்ணீர் பிடித்துவந்தால் சார் கீழே கொட்டிவிடுவார், புளோரைடு கண்ணாடியோடு வினைபுரியுமாம், பிளாஸ்டிக் டப்பாதான். டீச்சர் பிளாஸ்திரியைக் கிழித்து ஒட்டி, ஊர், கிணறா போரா, எத்தனை அடி, யார் வீட்டுக்கு எதிரே என்று எழுதுவார். வீட்டுத் திண்ணையில் சார் அதில் சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார். தண்ணீர் இளஞ்சிவப்பாகவே நின்றால் நல்லது, மஞ்சளுக்குப் போகப் போகக் கெட்டது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. எங்கள் தெரு பைப் தண்ணீர் எலுமிச்சம்பழ நிறத்துக்கு வந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

சார் சொன்னால் ஊர் கேட்காது. வெள்ளை வெளேரென்று பல் வைத்துக்கொண்டு ஒரு வெளியூர்க்காரர் "உங்க தண்ணி சரியில்லை" என்றால் யார் கேட்பார்கள்? முட்டி மடக்க முடியாமல் திண்ணையோடு கிடந்த பெரியவர்களுக்கு அது வாதம், முதுமை, விதி. டீச்சர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "பெரிம்மா, எனக்கும் இப்பவே முட்டி பிடிக்குது" என்று ஆரம்பிப்பார். காய்ச்சிக் குடித்தால் போய்விடுமா என்று எல்லா ஊரிலும் கேட்பார்கள். காய்ச்சினால் தண்ணீர்தான் சுண்டும், புளோரைடு அப்படியே நிற்கும், அதனால் இன்னும் கெட்டி. இதையும் அடுப்படியில் போய்ச் சொன்னது டீச்சர்தான்.

சார் செய்து தோற்ற காரியங்கள் உண்டு. படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து தெளியவைக்கும் நல்கொண்டா முறையை வாளி வாளியாகச் செய்துகாட்டினார். வாளிக்கு அடியில் தேங்கிய சேற்றை எங்கே கொட்டுவது என்று பெண்கள் கேட்டார்கள், பதில் இல்லை. ருசி பார்த்துவிட்டு டீச்சரே, "இதைக் குடிக்கறதுக்கு அந்தப் பல்லே பரவாயில்லைங்க" என்றார். அடுத்தது சிவப்புப் பெயிண்ட். புளோரைடு அதிகமுள்ள அடிபம்புகளுக்குச் சிவப்பு அடிப்பது என்று சார் முடிவுசெய்து, நாங்கள் ஒரு ஊரில் அடித்தும்விட்டோம். மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார்கள். பைப்புக்குச் சிவப்பு அடித்த ஊரில் எவன் பெண் எடுப்பான்? அதோடு, சோதனையில் சிவப்பு நல்லது, பைப்பில் சிவப்பு கெட்டது என்றால் ஜனங்கள் எதை நம்புவார்கள்? டீச்சர்தான் வழி சொன்னார். கெட்டதை விடுங்கள், நல்லதுக்கு நிறம் அடிப்போம். நல்ல கிணற்று மேடைக்கு நீலம். அப்புறம் நீலம் வேண்டுமென்று ஊர்க்காரர்களே ஆள்விட்டுக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஏரிக்கு அவர்கள் வந்ததும் இந்த எண்களையெல்லாம் டீச்சர் எழுதிவைத்த நோட்டு வழியாகத்தான். இரங்கலில் எழுதியது போல ஒரு நாள் சார் கரைமேல் நின்று சபதம் செய்ததாக எனக்கு ஞாபகமில்லை. நோட்டைப் புரட்டிக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்த கணக்கு டீச்சர், ஏரிக்குக் கீழே உள்ள திறந்த கிணறுகளில் எண் குறைவு, மேட்டில் ஆழப்போட்ட போர்களில் அதிகம் என்று கண்டுபிடித்தார். மழைத் தண்ணீர் புதிதாக இறங்குகிற இடத்தில் புளோரைடு நீர்த்துப்போகிறது, பாறை இடுக்கில் வருஷக்கணக்காகக் கிடக்கிற தண்ணீரில் ஏறுகிறது. ஏரி நிறைந்தால் கிணறு நன்றாகும். ஏரி நிறைய வரத்துக்கால்வாய் வேண்டும். கால்வாய் எங்கே?

டீச்சர் நில அளவைப் புலப்படத்தை வாங்கிவைத்துக்கொண்டு சங்கிலி பிடித்து அளந்தார். அளவு நம் ஊரின் மிக மரியாதையான சில மாந்தோப்புகளுக்குள் போயிற்று. யாருடையது என்று இங்கே எழுதமாட்டேன், அவர்கள் பிள்ளைகளும் இந்த மலருக்குச் சந்தா கட்டியிருக்கிறார்கள். அந்த வருஷங்களில் டீச்சர் வீட்டுக் கூரைமேல் கல் விழுந்தது, டிவிஎஸ் 50-ன் சீட்டு கிழிந்தது. விட்டுக்கொடுத்தவர்களும் உண்டு, பெரும்பாலும் அவரிடம் கணக்கில் பாஸானவர்கள்.

சீமைக்கருவேலத்தில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. சாருக்கு அதைக் கண்டாலே ஆகாது. வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைக்கும், வேரோடு தோண்டு என்பார். டீச்சர், "அதைத்தானே காலனிப் பொம்பளைங்க எரிக்கறாங்க? நாளைக்கு அடுப்புக்கு நீங்க வெறகு தருவீங்களா?" என்பார். கால்வாய்க்குள் நிற்பதை மட்டும் எடு, மேட்டில் இருப்பதை விட்டுவிட்டு அங்கே புங்கனும் நாவலும் தலையெடுத்த பிறகு பார்க்கலாம் என்பது அவர் கட்சி. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு வந்து எங்கு பார்த்தாலும் பொக்லைன் ஓடியபோது சார் சந்தோஷத்தில் மிதந்தார். டீச்சர் போனில், "மாத்து மரம் வைக்காம மொட்டையடிக்கறாங்கடா" என்று அலுத்துக்கொண்டார். சில மாதத்திலேயே அந்த உத்தரவும் நின்றுபோனது.

நான் 1996-இல் கிளம்பினேன். கம்ப்யூட்டர் படித்த எல்லோரும் கிளம்பினோம். வழியனுப்ப வந்த டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. சார்தான், "போற ஊர்ல தண்ணி எப்படின்னு பார்த்து எழுது" என்றார். பார்த்து எழுதினேன். மெல்பர்னில் 1977 முதல் குடிநீரில் புளோரைடைக் காசு கொடுத்து வாங்கிக் கலக்கிறார்கள், பல் சொத்தையாகாமல் இருக்க. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமை ஒட்டி, அளந்து. அந்தக் கடிதத்தைச் சார் பத்தாம் வகுப்பில் படித்துக்காட்டினாராம். அளவில்தான் விஷயம் இருக்கிறது என்று ஒரு பீரியட் முழுக்கப் பேசினாராம். என் பல் மறுபடியும் பாடமானது, இந்த முறை நான் அங்கே இல்லை.

என் வீட்டுப் பின்னால் தைலமரம் நிற்கிறது. ஏரிக்கரையிலிருந்து சார் வெட்டச்சொல்லிப் போராடிய அதே ஜாதி. வீடியோவில் காட்டினேன். "அது அங்க நல்ல பிள்ளைடா, தப்பு இங்க கொண்டாந்து நட்டவன் மேல" என்றார். இந்தியாவிலிருந்து போன நம் நாட்டுக் கருவேலமரம் குயின்ஸ்லாந்து மேய்ச்சல் நிலமெல்லாம் பரவி, இங்கே அரசாங்கமே அதை ஒழிக்கப் பாடுபடுகிறது என்று சொன்னேன். சார் இருமல் வரும்வரை சிரித்தார். உள்ளேயிருந்து டீச்சர் குரல்: "நம்ம பக்கத்துலேர்ந்து போனதுல அதுவாவது அங்க நல்லா வேர் பிடிச்சிருக்கே." எனக்குத்தான் என்று தெரியும். பதில் சொல்லவில்லை.

2013-இல் ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தது. அத்தனை வருஷம் டிவிஎஸ் 50-ல் அலைந்ததை ஒரே குழாயில் முடித்துவிட்டார்களே என்றேன். "உங்க சார் ஊருக்குப் போற தண்ணியை நடுவழியில ஒரு சொம்பு மொண்டுக்கிட்டோம், அவ்ளோதான்" என்றார் டீச்சர். ஆனால் நோட்டை அவர் நிறுத்தவில்லை. குழாய் வராத நாளில் போர் தண்ணீரைத்தானே குடிக்கிறார்கள்? குழாயை நம்பி ஏரியை விட்டுவிடுவார்கள் என்ற பயமும் அவருக்கு இருந்தது. அந்த ஆடியிலும் பனங்கொட்டை நட ஆள் சேர்த்தார்.

பெண் கல்யாணத்துக்கு முன்னால் நான் முன்பற்களுக்கு மேல் வெனீர் என்கிற வெள்ளை ஓடு ஒட்டிக்கொண்டேன். இங்கே எல்லோரும் செய்துகொள்வதுதான், நன்றாகத்தான் இருந்தது. கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டு டீச்சர் கூப்பிட்டார். புடவை, சாப்பாடு, மாப்பிள்ளை எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில், "பல்லு எங்கடா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், வாய்விட்டு. வயதான பிறகு அவர் முந்தானை தேடுவதை விட்டிருந்தார்.

இப்போது நம் சங்கத்துக்கு. பள்ளி வாசலில் சார் பெயரில் நினைவு வளைவு கட்டுவது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம், கிரானைட்டில். நம் ஊர்க் குன்றுகளில் எத்தனை கிரானைட்டுக்காக அறுபட்டன என்று தெரிந்தவர்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், நானும்தான். சாரிடம் சொன்னதற்கு, "வளைவுக்குக் கீழே நானா போயி நிக்கணும்?" என்றார். அவர் கேட்பது வேறு. டீச்சரின் நோட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு கிணறும், ஒவ்வொரு கோடையும். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித்தர வேண்டுமாம். பக்கங்களைப் படமெடுத்து அனுப்ப அவர் பேத்தி தயார். சிக்கல் கையெழுத்து. டீச்சரின் ஒன்றுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று காலாண்டுத் தேர்வுப் பேப்பர் வாங்கியவர்களுக்குத் தெரியும், 1.5-ஐயும் 7.5-ஐயும் குழப்பினால் ஒரு ஊரே மாறிவிடும். அவரிடம் கணக்குப் படித்தவர்கள் மலர்க்குழு வழியாக எனக்கு எழுதுங்கள். ஆளுக்கு ஒரு நோட்டு. 1986-ஐ நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.