வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கென்று 29 பொருள்கள் எழுதியிருக்கிறார்கள். சுகாதாரம் உண்டு, குடும்ப நலம் உண்டு, மாற்றுத்திறனாளிகள் நலத்தையும் சேர்த்து சமூக நலமும் உண்டு. படித்தால் எல்லாம் நம் கையில்தான் என்று தோன்றும். திருவாரூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சிச் செயலராக, ஊர்க்காரர்கள் வாயில் 'கிளர்க்'காக, வேலை பார்க்கிற எனக்குத் தெரிந்தவரை எங்களிடம் வந்து சேர்ந்தது தலைப்பு மட்டும்தான். ஆட்களும் பணமும் துறைகளிடமே இருக்கின்றன. கிராம சுகாதார செவிலியர் ஒரு துறை, அங்கன்வாடி இன்னொரு துறை, முதியோர் உதவித்தொகை தாலுகா அலுவலகம். எங்களுக்கு மிஞ்சுவது குடிநீர்த் தொட்டி, குப்பை, தெருவிளக்கு, சாலை. கொசுப்புழு ஒழிக்க வரும் மஸ்தூர்களின் ஏற்பாடு இன்னும் வேடிக்கை. சம்பளம் உள்ளாட்சிப் பக்கம், வேலை சொல்வது சுகாதார ஆய்வாளர். மழை பிடித்துவிட்டால் ஒரே ஆளை ஒரே காலையில் இரண்டு பக்கமும் தேடுவோம்.

கிராம சுகாதாரக் குழு என்று ஒன்று இருக்கிறது. ஊராட்சித் தலைவர்தான் அதற்கும் தலைவர். வருடத்துக்கு 10,000 ரூபாய். பிளீச்சிங் பவுடர், அங்கன்வாடிக்கு ஓர் எடைக்கருவி, அதோடு சரி.

அப்படியானால் ஊராட்சி எதற்கு? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது ஒரு பாலத்தில்.

எங்கள் ஊரில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு இருக்கிறது. போக வர இரண்டு தென்னைமரத்தைச் சேர்த்துப் போட்ட பாலம். டெல்டாவில் இது அதிசயமே இல்லை. அந்தத் தெருவில் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையான ஓர் அப்பாயி இருந்தார். 2021 ஆகஸ்டில் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கிய பிறகு பிரஷர் மாத்திரை மாதம் தவறாமல் வீட்டுக்கே வந்தது. தன்னார்வலர் பெண் பாலத்தைத் தாண்டிப் போய்க் கொடுத்துவிடுவார். ஆனால் இயன்முறை சிகிச்சை கொடுக்க வருகிறவர் தன் சாமான்களோடு வாய்க்கால் கரையிலேயே நின்றுவிடுவார். மாற்றுத்திறனாளி சான்றுக்கு டவுனில் முகாம். அப்பாயியைக் கட்டிலோடு தென்னைமரத்தில் தூக்கி வருவது யார்? ஒவ்வொரு துறையின் பட்டியலிலும் அவர் பெயர் ஒழுங்காக இருந்தது. பாலம் மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அந்த வார்டு உறுப்பினர் நடவுக்குப் போகிற பெண். அலுவலக வாசலில் நின்று, "மாத்திரை வீடு தேடி வருதுண்ணே, ஆம்புலன்ஸ் வர மாட்டேங்குதே. மொதல்ல பாலத்தைக் கட்டுங்க" என்றார். இதைவிடச் சுருக்கமான திட்ட அறிக்கையை நான் படித்ததில்லை.

கட்டுவது லேசில்லை. வாய்க்கால் ஊராட்சியுடையது அல்ல. அதற்கு உரியவர்களின் தடையின்மைச் சான்று வேண்டும். தண்ணீர் ஓடும்போது அஸ்திவாரம் தோண்ட முடியாது. வழக்கப்படி மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுகிறார்கள். கடைமடைப் பக்கம் வாய்க்கால் காய்ந்து, அறுப்பும் முடிந்து, வேலை செய்ய வாகாகக் கிடைப்பது பிப்ரவரி முதல் மே வரை. நடுவில் மார்ச் கணக்கு முடிப்பு வேறு. ஓவர்சியர் மதிப்பீடு போட்டு, கோப்பு போய், சான்று வருவதற்குள் ஒரு பருவம் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு நோயாளிக்கு இயன்முறை சிகிச்சை கிடைப்பதை மேட்டூர் மதகு தீர்மானிக்கிறது என்று மேலே இருப்பவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே அதுதான் நடைமுறை.

கோப்பை நகர்த்தியது எங்கள் தீர்மானம் அல்ல. நர்ஸம்மா எழுதிய ஒரு பக்கக் கடிதம். அந்தத் தெருவில் எத்தனை கர்ப்பிணிகள், யாருக்கு எந்த மாதம் பிரசவம், படுக்கையில் எத்தனை பேர் என்று தன் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதி, வட்டார மருத்துவ அலுவலரின் கையெழுத்தையும் வாங்கித் தந்தார். நாங்கள் 'பொதுமக்கள் நலன் கருதி' என்று எழுதிய இடத்தில் அவர் மாதத்தையும் தலைக்கணக்கையும் வைத்தார். அடுத்த கோடையில் பாலம் வந்தது. துறைகளின் ஒருங்கிணைப்பு பற்றி டீ, போண்டாவோடு நிறையக் கூட்டங்கள் பார்த்துவிட்டேன். ஒரு துறையின் கோப்புக்கு இன்னொரு துறை உருப்படியான காகிதம் கொடுப்பதற்கு அவை ஈடாகாது என்பதுதான் என் எண்ணம்.

இதெல்லாம் கிராம சபையில் பேசி முடிவாகியிருக்க வேண்டியது. இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. ஆனால் அக்டோபர் 2 சம்பா வேலை மும்முரமாக நடக்கிற நேரம். பேச வேண்டிய பெண்கள் வயலில் இருப்பார்கள். எங்கள் ஊரில் நிஜமான சபை புதன்கிழமை தடுப்பூசி நாளில்தான் கூடுகிறது. நர்ஸம்மா, அங்கன்வாடி டீச்சர், வார்டு உறுப்பினர் மூவரும் ஒரே திண்ணையில் இருப்பார்கள். யார் வீட்டில் யார் சாப்பிடவில்லை, எந்தக் கிழவர் தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் அங்கேதான் வெளிவரும்.

உறுப்பினர் இல்லாத காலம் எப்படி இருக்கும் என்பதை கஜா காட்டியது. 2018 நவம்பர் 16 அன்று புயல் கரை கடந்தபோது, 2016 அக்டோபரோடு பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்குத் தேர்தலே நடந்திருக்கவில்லை. உறுப்பினர்களுக்குப் பதிலாக அரசு போட்ட தனி அலுவலர் நிர்வாகம். வெளி மாவட்டங்களிலிருந்து நிவாரண வேலைக்கு வந்தவர்கள் நல்லவர்கள், உழைத்தவர்கள். ஆனால் "படுக்கையில் இருப்பவர்கள் யார் யார்?" என்று அவர்கள் கேட்டபோது, பதில் சொன்னது நர்ஸம்மாவின் பதிவேடும் டேங்க் ஆபரேட்டரும் ரேஷன் கடைக்காரரும்தான். தெருவுக்குப் பொறுப்பானவர் என்று கைகாட்ட ஒருவர் இல்லை.

2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து மறுபடியும் தனி அலுவலர் வந்தார். பல ஊராட்சிகளுக்குச் சேர்த்து அவர் ஒருவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எங்கள் முன்னாள் வார்டு உறுப்பினருக்குப் பதவி போனாலும் போன் நிற்கவில்லை, புதன்கிழமை திண்ணைக்கும் வந்துவிடுகிறார். போன வாரம் கீழத்தெருவுக்கும் ஒரு பாலம் கேட்டார். நர்ஸம்மாவின் கடிதத்தை இந்தமுறை முதலிலேயே வாங்கிக் கோப்பில் சேர்த்துவிட்டேன். தீர்மானம் போடத்தான் உறுப்பினர்கள் இல்லை.