கூகுள் கிளாஸ்ரூமிலிருந்து மூடிலுக்கு: ஒரு தமிழ்ப் பாடம் இடம் மாறிய கதை

எங்கள் கல்லூரி கூகுள் கிளாஸ்ரூமை விட்டு, பாடங்களையும் தேர்வுகளையும் இணையத்தில் நடத்த உதவும் மூடில் என்ற மென்பொருளுக்கு மாறுகிறது என்று வந்த சுற்றறிக்கை அரைப் பக்கம்தான். அடுத்த பருவம் தொடங்குவதற்குள் எல்லாப் பாடங்களையும் புதிய தளத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று இருந்தது. நான் நடத்துவது பகுதி-1 தமிழ். இயற்பியல், வணிகவியல், கணினி அறிவியல் என்று எந்தத் துறைப் பிள்ளைகளாக இருந்தாலும் முதல் இரண்டு ஆண்டுகள் எங்களிடம் வந்தாக வேண்டும். ஆகவே கூட்டம் அதிகம், கோப்புகளும் அதிகம்.

மாறியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2020 ஊரடங்கில் அவசரமாகப் பிடித்த கிளாஸ்ரூமில் மீட் வகுப்புப் பதிவுகள் மலைபோலச் சேர்ந்துவிட்டன. கல்வி நிறுவனங்களுக்குத் தந்துவந்த வரம்பில்லாத சேமிப்பிடத்தை நிறுத்தப்போவதாக கூகுள் 2021-இல் அறிவித்தது. அடுத்த ஆண்டிலிருந்து ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டெராபைட் என்றானது. அதோடு, கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு வழங்கும் நாக் குழு வரும்போது அகமதிப்பீட்டு மதிப்பெண்ணெல்லாம் ஒரே இடத்தில் காட்ட வேண்டும் என்ற கவலையும் கல்லூரிக்கு இருந்தது.

ஒரு மூடிலிலிருந்து இன்னொரு மூடிலுக்குப் போவதென்றால் வேலை சுலபம். பாடத்தை எம்பிஇசட் கோப்பாகக் காப்பு எடுத்து அங்கே மீட்டுவிடலாம். கிளாஸ்ரூமிலிருந்து அப்படி நேர்வழி கிடையாது. நம் தரவை இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் போட்டால் டிரைவில் இருக்கும் கோப்புகள் ஜிப்பாக வந்து விழும். எந்த அலகுக்கு எது, எதற்குப் பின் எது என்ற ஒழுங்கு வராது. முதலில் இது எரிச்சலாக இருந்தது. அப்புறம்தான் இதில் ஒரு நன்மை இருப்பது தெரிந்தது. ஒழுங்கோடு வந்திருந்தால் அத்தனையையும் அப்படியே ஏற்றிவிட்டுப் போயிருப்பேன். குவியலாக வந்ததால் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது வேண்டுமா என்று கேட்க வேண்டியிருந்தது. பாதிக்கு மேல் வேண்டியதில்லை என்றுதான் பதில் வந்தது. ஒரு மணி நேர மீட் பதிவுகளில் முதல் கால் மணி நேரம் "கேக்குதா? கேக்குதா அம்மா?" என்பதிலேயே போயிருக்கும். அவற்றில் ஒன்றைக்கூடக் கொண்டுவரவில்லை.

கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று நினைத்தது வினா வங்கியை மட்டும்தான். துறையில் பலர் பல ஆண்டுகளாகச் சேர்த்தது. உண்மையான வேலையும் அங்கேதான் காத்திருந்தது.

பழைய வினாக்களில் பெரும்பகுதி பாமினி, வானவில் அவ்வையார் என்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை. தமிழ்நாடு அரசு 2010-லேயே எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டை ஏற்று ஆணை போட்டுவிட்டது. இருந்தாலும், அச்சுக்குப் போகிற வினாத்தாளுக்கு அந்த எழுத்துருக்களே போதும் என்று கல்லூரிகளில் அவை நிலைத்துவிட்டன. தாளில் குறை தெரியாது. மூடிலில் ஒட்டினால்தான் தெரியும். 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். பாமினி அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டியதே தவிர, உள்ளே இருந்தது ஆங்கிலக் குறியீடுதான்.

இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளும் என்எச்எம் கன்வெர்ட்டரும் இதற்கு நன்றாகவே உதவின. ஆனால் இரண்டு இடங்களில் கண்ணால் பார்த்துத் திருத்துவதைத் தவிர வழியில்லை. ஒன்று, வினாவுக்குள் ஆங்கிலச் சொல் இருந்தால் எழுத்துரு மாற்றி அதையும் தமிழென்று நினைத்து உளறலாக்கிவிடும். இன்னொன்று ஔகாரம். பழைய முறையில் 'கௌ' என்பதை ஒற்றைக்கொம்பு, க, ள என்று மூன்றாக அடிப்பார்கள். அது யூனிகோடில் சில இடங்களில் 'கௌ' என்றும் சில இடங்களில் 'கெள' என்றும் வந்தது. பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வேறு.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், மூடிலின் குறுவிடை வினா. மாணவர் அடிக்கும் விடையை நாம் கொடுத்த விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத்தான் அது மதிப்பெண் போடும். விடை 'பாலைக் கௌதமனார்' என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்பேசியில் 'கெள' என்று அடித்த பிள்ளைக்குச் சுழியம். க் போடாமல் 'பாலை கௌதமனார்' என்று அடித்தவருக்கும் சுழியம். முதல் வகையைத் தப்பென்று சொல்ல முடியாது. அதனால் இரண்டு வடிவங்களையும் சரியான விடைகளாகச் சேர்த்தேன். இரண்டாவது வகைக்குத் துறைக் கூட்டத்தில் பெரிய விவாதமே நடந்தது. ஒற்று விட்டால் தமிழ்த் தேர்வில் முழு மதிப்பெண் கொடுக்கலாமா? மூடிலில் ஒரு விடைக்கு ஐம்பது சதவீத மதிப்பெண் என்று வைக்க முடியும். கடைசியில் அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். "ஒற்றுப் பிழைக்குப் பாதி" என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். என்னைக் கேட்டால், காகிதத்தில் திருத்தும்போதுகூட நாங்கள் இவ்வளவு சீராக மதிப்பெண் போட்டதில்லை.

சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களை ஒவ்வொன்றாக அடிக்கத் தேவையில்லை. ஐக்கன் என்றொரு எளிய வடிவம் இருக்கிறது. வினா ஒரு வரி, விடைகள் ஒவ்வொன்றும் ஒரு வரி, கடைசியில் சரியான விடை எது என்று ஒரு வரி. சாதாரண நோட்பேடில் எழுதி, யூடிஎஃப்-8 என்று சேமித்து ஏற்றிவிடலாம். எங்கள் கோப்பை ஏற்றியபோது ஒரு வினாகூட உள்ளே போகவில்லை. காரணத்தைக் கணினித் துறை நண்பர்தான் கண்டுபிடித்தார். நாங்கள் வழக்கம்போல அ, ஆ, இ, ஈ என்று போட்டிருந்தோம். ஐக்கனுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துதான் புரியும். தமிழ்த் துறையில் ஏ, பி, சி, டி போட மனம் வரவில்லைதான். ஆனால் அது கோப்புக்குள் மட்டும்தான். மாணவர் பார்க்கும் திரையில் அந்த எழுத்துகள் இல்லாமலே காட்டச் சொல்லலாம் என்று தெரிந்ததும் மாற்றிவிட்டோம்.

வினாக்கள் உள்ளே வந்ததும் ஒவ்வொன்றுக்கும் கே-நிலை குறிச்சொல் போடச் சொன்னார்கள். ப்ளூம் குழுவினர் 1956-இல் வகுத்து, 2001-இல் திருத்தப்பட்ட அந்த வரிசைதான் எங்கள் வினாத்தாள்களில் கே1, கே2 என்று இருக்கிறது. கே1 நினைவுகூர்தல், கே2 புரிதல், கே3 பயன்படுத்தல் என்று ஏறிக்கொண்டே போகும். வினாத்தாளில் பத்து வினாக்களுக்கு இதைப் போடும்போது ஒன்றும் உறைக்காது. முழு வங்கிக்கும் போட்டு, குறிச்சொல்லால் வடிகட்டிப் பார்த்தபோது, ஏறக்குறைய எல்லாமே கே1-இல் போய் விழுந்தன. இவர் எழுதிய நூல் எது, இந்த நூலை எழுதியவர் யார், இவருடைய இயற்பெயர் என்ன. இலக்கியம் நடத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு பெயர்ப் பட்டியல் நடத்திக்கொண்டிருந்தோம்.

எங்கள் துறையின் மூத்த பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை. "ஏம்மா, இத்தனை வருஷமா ஓடிக்கிட்டிருக்கிற வினாக்களை இப்ப ஏன் கலைக்கிறீங்க?" என்றார். "கலைக்கல ஐயா, பக்கத்துல வேற வினாவும் வைக்கிறோம்" என்றேன். அப்படிச் சொன்னாலும், வங்கியில் கணிசமானதை நீக்கத்தான் செய்தேன்.

புதிதாக எழுதியவற்றில் எனக்கு நிறைவளித்தது ஐந்திணைப் பகுதி. ஒவ்வொரு திணைக்கும் உரிய காதல் ஒழுக்கம்தான் உரிப்பொருள். முன்பு 'நெய்தலின் உரிப்பொருள் யாது?' என்று கேட்போம். இரங்கல் என்று மனப்பாடமாக விடை வரும். இப்போது சூழல் ஒன்றைத் தருகிறோம். கடற்கரை, புன்னை மரம், நள்ளிரவு, காதலர் சந்திப்பு. இது எந்தத் திணை? புன்னையைப் பார்த்து நெய்தல் என்று சொல்பவர்களும் உண்டு, புணர்தலைப் பார்த்துக் குறிஞ்சி என்று சொல்பவர்களும் உண்டு. திணையை முடிவு செய்வது உரிப்பொருள்தான் என்பதை ஒரு பிள்ளை இங்கேதான் உண்மையில் புரிந்துகொள்கிறது. வகுப்பில் இந்த ஒரு வினாவை வைத்துக்கொண்டு நேரம் போனதே தெரியாமல் பேசியிருக்கிறோம்.

யாப்புக்கு மூடிலின் இழுத்துப் பொருத்தும் வினா அருமையாக அமைந்தது. ஒரு வரியின் சீர்களைத் தந்து, தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்பவற்றை இழுத்து அதனதன் இடத்தில் விடச் சொல்லலாம். தவறினால் 'நேர் நேர் என்றால் தேமா, நிரை நேர் என்றால் புளிமா' என்று பின்னூட்டம் வரும்படி வைத்தேன். எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம், மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் இல்லாத பயிற்சியை யாரும் திறக்க மாட்டார்கள் என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். தேர்வுக்கு முந்தின வாரம் நன்றாகவே திறந்தார்கள்.

பாடக் குறிப்புகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய குறிப்புகளில் பல, புத்தகத்தை ஸ்கேன் செய்த பிடிஎஃப்கள். "அம்மா, அந்த மூணாவது அலகு படுத்துக்கிட்டு இருக்கு" என்று ஒரு மாணவி சொன்ன பிறகுதான் செல்பேசியில் திறந்து பார்த்தேன். பக்கங்கள் குறுக்குவாட்டில் கிடந்தன. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குச் செல்பேசிதான் கணினி. எனவே பிடிஎஃப்களை விட்டுவிட்டு மூடிலில் 'பக்கம்' என்ற வகையில் நேரடியாக எழுதினேன். அது திரை அகலத்துக்குத் தானே மடங்கிக்கொள்ளும், மூடில் செயலியில் இறக்கிவைத்து இணையம் இல்லாமலும் படிக்கலாம். செய்யுள் மூலங்களை நான் அடிக்கவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்திலும் யூனிகோடிலேயே கிடைக்கின்றன. கைடுகளிலிருந்து எடுத்த பக்கங்களை முற்றிலும் விட்டுவிட்டேன். கல்லூரியின் சொந்த சர்வரில் அடுத்தவர் புத்தகத்தைப் போட்டுவைப்பது சரியில்லை. நாட்டுடைமையான படைப்புகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

முதல் அகமதிப்பீட்டுத் தேர்வு முடிந்ததும் மூடிலின் புள்ளிவிவர அறிக்கையைப் பார்த்தேன். இதைப் பலர் திறப்பதே இல்லை, திறக்க வேண்டும். ஒவ்வொரு வினாவுக்கும் எத்தனை சதவீதம் பேர் சரியாக எழுதினார்கள் என்று அதில் இருக்கும். நன்றாகப் படிப்பவர்களையும் மற்றவர்களையும் அந்த வினா பிரித்துக் காட்டுகிறதா என்பதற்கும் ஓர் எண் இருக்கும். அந்த எண் சுழியத்துக்குக் கீழே போனால் உடனே விடைக்குறிப்பைப் பார்க்க வேண்டும். மொத்தத்தில் அதிக மதிப்பெண் வாங்கியவர்கள் அந்த வினாவில் மட்டும் தவறியிருப்பார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று சிக்கியது. முல்லையின் உரிப்பொருள் பிரிதல் என்றும் பாலையின் உரிப்பொருள் இருத்தல் என்றும் விடைக்குறிப்பில் இடம் மாறிக் கிடந்தது. யாரோ எப்போதோ அடித்தது, காகித வினாத்தாள்களில் எத்தனை ஆண்டுகள் அப்படியே ஓடியதோ. விடையைத் திருத்தி மறுமதிப்பீடு கொடுத்ததும் எல்லோருடைய மதிப்பெண்ணும் தானே மாறிக்கொண்டது. மூத்த பேராசிரியரிடம் அந்த அறிக்கையைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மத்ததையும் பாருங்க" என்றார்.

பருவம் முடிந்ததும் காப்பு எடுக்கும்போது ஒரு விஷயம். பாடத்தை மாணவர் தரவு இல்லாமல் எம்பிஇசட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். வினா வங்கியைத் தனியாக மூடில் எக்ஸ்எம்எல் வடிவத்திலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஃப்ட் வடிவம் படிக்க எளிது என்று அதில் எடுப்பவர்கள் உண்டு. இழுத்துப் பொருத்தும் வினாக்கள் அதில் வராது. இரண்டையும் ஒரு பென்டிரைவில் போட்டு, எங்கள் துறை அலமாரியில் வைத்திருக்கிறோம். வணிகவியல் பிரிவுக்குத் தமிழ் எடுக்கும் தோழி அதிலிருந்து யாப்புப் பகுதியை எடுத்துத் தன் பாடத்தில் சேர்த்துக்கொண்டார். ஐந்தாம் அலகின் சிறுகதைப் பகுதி இன்னும் கே1-லேயே கிடக்கிறது. மே மாத விடுமுறையில் இருவரும் சேர்ந்து அதில் கை வைப்பதாகத் திட்டம்.