தோற்ற இறுதியாட்டமும் பி.ரி. மாஸ்டரும்

எங்கள் பாடசாலையின் உடற்பயிற்சி ஆசிரியர் பி.ரி. மாஸ்டர் காலமான செய்தி வந்த அன்று பழைய மாணவர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்து குவிந்தன. கேடயங்களோடு நிற்கும் அணிகள், முன்வரிசை நாற்காலிகளில் அதிபர்மார், ஓரத்தில் விசிலைக் கழுத்தில் மாட்டியபடி அவர். எந்த ஆண்டில் எந்தக் கோப்பை என்று ஆளுக்கொரு பதிவு போட்டார்கள். அத்தனையையும் வாசித்தேன். 17 வயதுப் பிரிவு உதைபந்தாட்டத்தில் நாங்கள் தோற்ற இறுதியாட்டத்தைப் பற்றி எவரும் ஒரு சொல் எழுதவில்லை. அவர் செய்த ஆகப் பெரிய காரியம் அந்த ஆட்டத்தில்தான் நடந்தது என்பது என் எண்ணம். மலர்க்குழு கட்டுரை கேட்டபோது அதையே எழுதுவது என்று முடிவெடுத்தேன்.

எழுபதுகளின் கடைசி. மைதானத்தைச் சுற்றி எள் விழ இடமில்லாத கூட்டம். ஆட்டம் 1-1 என்ற நிலையில் இருந்தது. எங்களுக்கு ஒரு கோர்னர் கிடைக்க, பந்துக்கு நான் எழும்ப, எதிரணிப் பின்கள வீரனும் எழும்ப, இரண்டு தலையும் மோதின. விழுந்த வேகத்திலேயே எழுந்துவிட்டேன். இரத்தம் இல்லை, மயக்கம் இல்லை. நடுவர் ஆட்டத்தைத் தொடரச் சொன்னார், நானும் ஓடினேன். அடுத்த த்ரோவுக்கு எதிரணிக்காரர் நடுவே போய் நின்றுகொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள். அதை மாஸ்டர் கண்டுவிட்டார்.

கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார். நடுவர் சத்தம் போட்டதை அவர் காதில் வாங்கவில்லை. என் தோள் இரண்டையும் பிடித்து, "தம்பி, எந்தப் பக்கம் கோல் அடிக்கிறம்?" என்றார். கையைக் காட்டினேன். தவறான பக்கம். "எங்கட கோலை ஆர் போட்டது?" எனக்கு விடை வரவில்லை. அந்தக் கோலைப் போட்டவன் நான்.

"வெளியில வா" என்றார்.

மாற்று வீரர் இருவரும் ஏற்கெனவே இறங்கியிருந்தார்கள். நான் போனால் 10 பேர். "எனக்கு ஒண்டுமில்லை சேர், விடுங்கோ" என்று கெஞ்சினேன். கூட்டம் கத்தத் தொடங்கியது. பழைய மாணவர்கள் இருந்த பக்கத்திலிருந்து வந்த வசவுகள் அச்சில் ஏறத் தக்கவை அல்ல. அவர் என்னை வாங்கில் இருத்தினார். தன் வெள்ளைக் காற்சட்டையோடு சேற்றில் முழந்தாளிட்டு என் பூட்ஸின் நாடாவை அவிழ்த்தார். நனைந்து இறுகிய முடிச்சு இலேசில் அவிழவில்லை. அவசரப்படாமல், நகத்தால் கிண்டிக் கிண்டி, முதலில் இடது, பிறகு வலது. இரண்டையும் கழற்றித் தன் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு மேலே அமர்ந்தார். அத்தனை பேர் முன்னால் வெறுங்காலோடு இருந்து அழுதேன். அணி 2-1 என்று தோற்றது. அன்றைய அவமானத்தை இன்றும் உடம்பு நினைவில் வைத்திருக்கிறது. அவர் மேலிருந்த கோபமும் நெடுநாள் ஆறவில்லை.

அன்றிரவு ரோர்ச் லைற்றோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம், "இவனைத் தனியப் படுக்க விடாதேங்கோ அம்மா. சத்தி எடுத்தாலோ, தலையிடி கூடினாலோ, பேச்சுக் குழறினாலோ விடியும்வரை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி" என்றார். தன் இளமையில் கூட விளையாடிய ஒருவன் அடிபட்ட பிறகும் ஆடி முடித்து, மறுநாள் கண் விழிக்கவே இல்லை என்பதையும் அன்றுதான் சொன்னார். நான் மறுபடி பந்தைத் தொட அவர் வாரக்கணக்கில் விடவில்லை. முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், அதன் பிறகு தனியே பந்து. தலையால் அடிக்கக் கடைசியில்தான் அனுமதி.

அடுத்த ஆண்டு அணி அவர் கையில் இல்லை. கடிதங்கள் போனதும் கூட்டம் கூடியதும் என் வயதுக்காரர் பலருக்குத் தெரியும். அவர் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓடவும் உருளவும் பழக்கிக்கொண்டிருந்தார்.

கடல் கடந்து வந்து, பிள்ளைகள் ஆடும் கழகம் ஒன்றில் சிறுவர் பாதுகாப்புப் பொறுப்பாளராகச் சேர்ந்தபோது எனக்கு முதலில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். தலையில் அடிபட்டவரிடம் மைதானத்தில் கேட்க வேண்டிய கேள்விகளைத் திரையில் காட்டினார்கள். இப்போது எந்த மைதானத்தில் நிற்கிறோம்? இது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாகக் கோல் போட்டது யார்? போன ஆட்டம் யாரோடு, அதில் வென்றோமா? 1995 இல் அவுஸ்திரேலியாவில் ஆய்வு செய்து வெளியிட்ட மடொக்ஸ் கேள்விகள் என்று இவற்றுக்குப் பெயர். பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டால் அடிபட்டவரும் சரியாகச் சொல்லிவிடுவார். சற்றுமுன் நடந்ததைக் கேட்டால்தான் குழப்பம் வெளியே வரும் என்பது அந்த ஆய்வின் முடிவு. மாஸ்டர் என் பெயரைக் கேட்கவில்லை. கோலை யார் போட்டது என்றுதான் கேட்டார். அந்த வகுப்பில் என்னால் அதற்கு மேல் குறிப்பு எடுக்க முடியவில்லை.

தலையில் அடிபட்டு மூளை அதிர்வு ஏற்படுவோரில் பத்தில் ஒருவர்கூட மயங்கி விழுவதில்லை. எழுந்து நிற்கிறான், ஓடுகிறான், ஆகவே நலமாக இருக்கிறான் என்று மைதானம் முடிவு கட்டிவிடுகிறது. முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி பட்டால் மூளை கட்டுக்கடங்காமல் வீங்கி உயிரே போகலாம். அது அரிது. ஆனால் அப்படி இறந்தவர்களில் பெரும்பாலானோர் வளரும் வயதுப் பிள்ளைகள். கனடாவின் ஒன்ராறியோவில் 17 வயது ரக்பி வீராங்கனை ஒருத்தி 2013 இல் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு இறந்தாள். அவள் பெயரால் 2018 இல் ரோவன் சட்டம் வந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2009 இலேயே, தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்த பிள்ளையை உடனே வெளியே எடுக்க வேண்டும், மருத்துவத் தரப்பின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் திரும்ப இறக்கக் கூடாது என்று சட்டம் செய்தது. பிரித்தானியாவில் 2023 இல் வெளியான வழிகாட்டல், அடிபட்டவர் குறைந்தது 21 நாட்களுக்குப் போட்டியில் இறங்கக் கூடாது என்கிறது. மெல்ல மெல்ல, படி படியாகத் திரும்ப வேண்டும் என்றும் சொல்கிறது. முதலில் நடை, பிறகு மெல்லோட்டம்.

உதைபந்தாட்ட விதியிலும் மாற்றம் வந்துவிட்டது. மூளை அதிர்வுக்கென்று தனியாக ஒரு மாற்று வீரரை இறக்கும் முறை 2021 இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, விரும்பும் போட்டிகள் கையாளலாம் என்று 2024 இல் ஆட்ட விதிகளிலேயே ஏறியது. அன்று அது இருந்திருந்தால் நாங்கள் 10 பேரோடு ஆடியிருக்க மாட்டோம். அதைவிட முக்கியம், மாஸ்டர் ஊரின் ஏச்சைத் தனியாளாகத் தாங்கியிருக்க வேண்டியதில்லை. "விதி இது, நான் என்ன செய்ய?" என்று ஒரு வசனத்தோடு முடித்திருப்பார். விதி பிள்ளையை மட்டும் காக்கவில்லை; பிள்ளையைக் காக்கத் துணியும் ஆசிரியரையும் காக்கிறது. இதை நான் எழுத்தெழுத்தாக நம்புகிறேன்.

இதன் மறுபக்கம் கனமானது. எங்கள் உடைமாற்றும் அறையான நீலக் கதவு அறையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாங்கள் உடைமாற்றும்போது அவர் வெளியே, மற்றோர் ஆசிரியரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். தசைப்பிடிப்புக்குத் தைலம் தேய்ப்பதென்றால் வெளி வாங்கில், எல்லோரும் பார்க்க. வான் வண்டியில் கடைசியாக ஒரு பிள்ளை மட்டும் மிஞ்சும்படி எவரையும் இறக்கமாட்டார்; இரண்டு பேராகத்தான் இறக்குவார். அப்போது அதை அவருடைய பிடிவாதம் என்றோம். அதே சாவியும் விசிலும் வேறொருவர் கையில் இருந்திருந்தால்? அப்படி இருந்த இடங்களில் நடந்தவை இப்போது உலகறிந்தவை. 2016 நவம்பரில் இங்கிலாந்தின் முன்னாள் உதைபந்தாட்ட வீரர்கள், சிறுவயதில் பயிற்றுநர்களால் தங்களுக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைப் பகிரங்கமாகப் பேசத் தொடங்கினார்கள். அதை விசாரித்து 2021 இல் வெளியான ஷெல்டன் அறிக்கை, 1995 முதல் 2000 வரையான காலத்தில் அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கம் பிள்ளைகளைக் காக்கப் போதியதைச் செய்யவில்லை என்று முடிவு கூறியது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசரின் வழக்கில், 2018 இல் 150க்கும் மேற்பட்ட பெண்களும் சிறுமிகளும் நீதிமன்றத்தில் தங்கள் வேதனையைச் சொன்னார்கள். அவர்களில் பலர் முன்பே பெரியவர்களிடம் முறையிட்டவர்கள். கேட்கவேண்டிய காதுகள் கேட்கவில்லை.

எங்களுக்கு நல்ல மனிதர் வாய்த்தார். பிள்ளைகளின் பாதுகாப்பை வாய்ப்பின் கையில் விடலாமா? பயிற்றுநரின் பின்னணியைச் சரிபார்த்தல், ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனித்து இராத ஒழுங்கு, கழகத்துக்கு ஒரு பொறுப்பாளர், முறைப்பாடு கழகத்தோடு நின்றுவிடாமல் வெளியே போக ஒரு வழி: இவற்றை நான் விளக்கும்போது சில பெற்றோர், "எங்கட கோச்சில சந்தேகப்படுறீங்களோ?" என்று முகம் சுளிக்கிறார்கள். சந்தேகத்துக்கு இதில் வேலையே இல்லை. நல்ல பயிற்றுநர்தான் இந்த ஒழுங்குகளை முதலில் கேட்டு வாங்குகிறார். நான் கண்டது அதுதான்.

அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. எண்பது பக்கக் கோடிட்ட கொப்பி, அட்டைக்குப் பிறவுண் தாள். திகதி, பெயர், என்ன காயம், யார் வீட்டுக்குக் கூட்டிப் போனது, எப்போது திரும்ப ஆடலாம் என்று நிரல் போட்டுச் சிவப்பு மையில் எழுதுவார். கடைசி நிரலுக்குத் தலைப்பில்லை. "மூன்று நாள் வரவில்லை, தகப்பனுக்கு வேலை இல்லை." "காலையில் சாப்பிடாமல் வருகிறான்." "படிக்க விளக்கில்லை." இப்படியெல்லாம் அதில் இருந்தது. பயிற்சிக்கு வராத பிள்ளையைத் தேடி அன்று மாலையே சைக்கிளில் போவார். வகுப்பில் நாற்பது பேரில் ஒருவனாக மறைந்துபோகும் பிள்ளையை, பதினோரு பேரில் ஒருவனாக அவர் கண்டுபிடித்தார். விளையாட்டு ஒரு சமூகத்தைக் காக்கிறது என்று மேடையில் பேசுகிறோம். அந்த வேலை ஒரு மனிதர் வரவு எடுப்பதில் தொடங்குகிறது. ஒரு பிள்ளையின் இடம் வெறுமையாக இருப்பதை ஒருவர் கவனிக்கிறார், கவனித்தபின் புறப்பட்டுப் போகிறார்.

நான் வெளிநாடு வந்த சில ஆண்டுகளில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அணியைப் பற்றி நாலு வரி, மழையைப் பற்றி இரண்டு வரி. பிறகு, "தலையிடி ஏதும் வருவதுண்டோ? வந்தால் அலட்சியம் செய்யாதே." எங்களில் எத்தனையோ பேர் புறப்பட்டு வந்துவிட்டோம். அவர் அங்கேயே இருந்து, அன்றன்றைக்கு யார் மிஞ்சினார்களோ அந்தப் பிள்ளைகளுக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தார். நான் இங்கே படித்ததும் பயின்றதும் இந்த நாட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்படுகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அவர் பக்கத்தில் இரண்டாவது ஆளாக அந்தக் கதவுக்கு வெளியே நிற்க ஒருவர் தேவைப்பட்ட ஆண்டுகளில் நான் அங்கே இல்லை. அந்த எண்ணம் செய்தி வந்த நாளிலிருந்து கூடவே இருக்கிறது.

சங்கம் இந்த ஆண்டு மைதானத்துக்குப் புதிய ஸ்கோர்போர்டு அமைக்க நிதி திரட்டுகிறது. அந்த நிதியிலிருந்து முதலில் ஒரு டிஃபிபிரிலேட்டர், அதாவது மின்னதிர்ச்சி கொடுத்து இதயத் துடிப்பை மீட்கும் கருவி, வாங்குவோம் என்று இந்த மலர் வழியாகக் கேட்கிறேன். 2021 ஜூனில் கோபன்ஹேகனில் டென்மார்க் உதைபந்தாட்ட வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று விழுந்ததை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். நெஞ்சை அழுத்தும் கைகளும் அந்தக் கருவியும் சில நிமிடங்களுக்குள் வந்ததால்தான் அவர் பிழைத்தார். அவை வந்து சேரத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆகவே கருவி அலுவலகப் பூட்டுக்குள் இருக்கக் கூடாது, மைதானத்தின் ஓரத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு அணியின் பொறுப்பாசிரியருக்கும் நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் சி.பி.ஆர். பயிற்சி வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளை அன்று திரும்ப இறங்காது என்ற விதி அதிபரின் கையொப்பத்தோடு வேண்டும். பிள்ளைகள் தயங்காமல் போய்ப் பேச இரண்டு பொறுப்பாளர்கள், அவர்களில் ஒருவராவது பெண். அவர்களுடைய பெயரும் தொலைபேசி எண்ணும் பவிலியன் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

என் பங்கைப் பொருளாளருக்கு அனுப்பிவிட்டேன். முதல் பயிற்சியை நடத்த அடுத்த தவணைத் தொடக்கத்தில் நானே போகிறேன். சங்கத்தில் மருத்துவர்களும் தாதியரும் பயிற்றுநர்களும் நிறையப் பேர் இருக்கிறீர்கள்; கூட வர விரும்புவோர் மாத இறுதிக்குள் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள்.