ஸ்விஃப்ட் பின்பக்க ஸ்பிரிங்க வீட்டுலயே மாத்துனோம்

வண்டி எடப்பக்கம் பின்னாடி சாஞ்சு நிக்குதுன்னு மொதல்ல கண்டுபிடிச்சது அப்பாதான். அதுக்கு ஒரு மாசம் முன்னாடியிருந்தே ஸ்பீட் பிரேக்கர் ஏறி எறங்கும்போதெல்லாம் டொக்கு டொக்குன்னு சத்தம் வரும், ஒரு கடையில காட்டுனதுக்கு ஷாக் அப்சார்பர் போயிருச்சுன்னு ரெண்டையும் மாத்தி விட்டாங்க, காசு போனது தான் மிச்சம், சத்தம் அப்படியே இருந்துச்சு. அப்புறம் டேப் எடுத்து வீல் நடுவுலருந்து மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளந்து பாத்தேன். வலது 37 சென்டிமீட்டர், எடது 35. குனிஞ்சு டார்ச் அடிச்சா ஸ்பிரிங்கோட கீழ் சுத்து முறிஞ்சு, அந்தத் துண்டு ஸ்பிரிங்கு கீழ உக்காருற கிண்ணத்துல, அதத்தான் சீட்டுன்னு சொல்வாங்க, அதுக்குள்ள ஈர மண்ணுல பொதஞ்சு கெடக்கு.

எங்க ஊரு தூத்துக்குடி. உப்பளம் பக்கத்துலயே வீடு, காத்துலயே உப்பு. வண்டி 2009 மாடல். ஸ்பிரிங்கு சும்மா அமுங்குற மாதிரி நமக்குத் தெரியுதே தவிர உண்மையில அந்தக் கம்பி முறுக்கப்படுது, முறுக்கும்போது பாரம் அதிகமா விழுறது கம்பியோட வெளித்தோலுல தான். கல்லு தெறிச்சு பெயிண்ட் பேந்த எடத்துல துரு புடிச்சு சின்னதா ஒரு குழி விழுந்துட்டா போதும், கீறல் அங்கருந்து தான் ஆரம்பிக்கும். அதுவும் இல்லாம கம்பி தடிமன்ல பத்துல ஒரு பங்கு கொறைஞ்சா விறைப்புல மூணுல ஒரு பங்கு போயிடும், ஏன்னா விறைப்பு தடிமனோட நாலாம் அடுக்குல மாறுது. இத படிச்சப்ப எனக்கு நெஞ்சு திக்குன்னு ஆச்சு. இதே வண்டியில தான் அம்மாவ உக்கார வச்சு திருச்செந்தூர் வரைக்கும் போயிட்டு வந்துருக்கோம்.

வீட்டுல செய்யலாம்னு துணிஞ்சதுக்கு காரணம் இந்த வண்டியோட பின்பக்க அமைப்பு. ஷாக் தனியா நிக்கும், ஸ்பிரிங்கு தனியா ஆக்ஸில் பீமுக்கும் (ரெண்டு பின் சக்கரத்தையும் சேக்குற இரும்புச் சட்டம்) பாடிக்கும் நடுவுல உக்காந்திருக்கும், அதனால பீம எறக்குனா ஸ்பிரிங்கு தளர்ந்து கையோட வந்துடும், ஸ்பிரிங்க அமுக்கிப் புடிக்கிற கம்ப்ரஸர் கருவி தேவையில்ல. முன்பக்கம் அப்படி இல்லைங்க, அங்க ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஸ்ட்ரட்டுன்னு ஒரே அமைப்பா இருக்கும், ஸ்பிரிங்கு அதுல அமுக்கி வச்சபடியே இருக்கு, மேல் நட்ட சும்மா கழட்டுனா அமுங்கி கெடக்குற பலம் மொத்தமும் மூஞ்சிக்கு நேரா வரும். தயவுசெஞ்சு புதுசா பண்றவங்க முன்பக்கத்துல கை வைக்காதீங்க, நான் அத ஒர்க்ஷாப்புக்கே விட்டுட்டேன்.

ஸ்பிரிங்கு ஒண்ணு தான் முறிஞ்சிருந்தாலும் ரெண்டா தான் வாங்கணும், பழசும் புதுசும் சேந்தா வண்டி ஒரு பக்கமா நிக்கும். பெட்ரோலுக்கு வேற டீசலுக்கு வேறன்னு இருக்கும், சேசிஸ் நம்பர குடுத்து கேட்டு வாங்குங்க.

ஞாயித்துக்கிழமை காலையில ஆரம்பிச்சோம். தரை சிமெண்ட் தளமா இருக்கணும், மண் தரையில ஜாக்கி போடவே கூடாது. பின்பக்கத்த தூக்கிட்டா ஹேண்ட் பிரேக் பிரயோஜனம் இல்ல, அது பின் சக்கரத்த மட்டும் தான் புடிக்கும், அதனால ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு முன் சக்கரம் ரெண்டுக்கும் ரெண்டு பக்கமும் மரக்கட்டை அடை குடுத்தேன். ஹேண்ட் பிரேக்க விடுவிச்சு வச்சா பீம் எறங்கும்போது கேபிள் இழுக்காது. வீல் நட்ட வண்டி தரையில நிக்கும்போதே லேசா தளர்த்திக்கணும், அப்புறம் தூக்கி பாடிக்கு அடியில ரெண்டு பக்கமும் ஜாக்கி ஸ்டாண்ட் வச்சு, வண்டிய கையால ஆட்டிப் பாத்துட்டு தான் நான் கிட்டயே போனேன். செங்கல், ஹாலோ பிளாக் இதெல்லாம் அடியில வைக்கவே வேண்டாம், பாரம் ஏறுனா சொல்லாம கொள்ளாம நொறுங்கும்.

சக்கரத்த கழட்டிட்டு பீமுக்கு அடியில டிராலி ஜாக்கிய முட்டு குடுத்தோம். இது ரொம்ப முக்கியம், பீம் முழுசா தொங்காம புடிச்சு வச்சிருக்கிறதே ஷாக் தான், அந்த போல்ட்ட உருவுன நிமிஷம் புடிமானம் போயிடும். ஷாக்கோட கீழ் போல்ட் வலது பக்கம் சட்டுன்னு வந்துடுச்சு. எடது பக்கம் அசையவே இல்ல. புது ஷாக் போட்டு ஒரு மாசம் தான் ஆச்சு, ஆனா போல்ட் பழசயே போட்டுருக்காங்க. டபிள்யூடி-40 அடிச்சு, டீ குடிச்சிட்டு வந்து, திரும்ப அடிச்சு, ஸ்பானர்ல நீள பைப்ப மாட்டி மெல்ல அழுத்துனதுல ஒரு மணி நேரம் கழிச்சு கிர்ருன்னு திரும்புச்சு.

அப்பா ஜாக்கிய எறக்க நான் பக்கத்துல இருந்து பிரேக் ஹோஸ, அதாவது பிரேக் ஆயில் போற ரப்பர் குழாய பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு விரக்கட எறங்குது, ஸ்பிரிங்கு சுத்து விரியுது, இன்னும் கொஞ்சம் எறங்குது, ரப்பர் ஹோஸ் விறைக்க ஆரம்பிச்சுது, "அப்பா நிறுத்துங்க நிறுத்துங்க"ன்னு கத்திட்டேன். "ஏல, கத்தாத, நிப்பாட்டிட்டேன்"னாரு. அதுக்கு மேல எறக்கவே தேவப்படல, ஸ்பிரிங்க புடிச்சு லேசா சாச்சேன், தானா வந்துடுச்சு. சீட்டுல ஒரு கைப்பிடி மண்ணு, துருப்பொடி, அதுக்குள்ள நாலு விரல் நீளத்துக்கு முறிஞ்ச கம்பி. முறிஞ்ச முகத்துல ஒரு ஓரம் கருப்பா பழைய கீறல், மத்த எடம் பளபளன்னு புதுசு. கீறல் அங்க ரொம்ப நாளா இருந்துருக்கு.

சீட்ட பிரஷ் போட்டு சுத்தம் பண்ணி, ரப்பர் நல்லா இருந்ததால அதயே போட்டோம். ஸ்பிரிங்கு முனை கீழ் சீட்டுல இருக்குற படியில முட்டி உக்காரணும், மொத தடவ எனக்கு வலது பக்கம் முனை ஒரு விரல் தள்ளி நின்னுருச்சு, பீம ஏத்துனப்புறம் தான் கவனிச்சேன், திரும்ப எறக்கி சரி பண்ணோம். ஸ்பிரிங்க இடுக்கியால எல்லாம் புடிக்காதீங்க, அந்த பெயிண்ட்ல ஒரு கீறல் விழுந்தா மறுபடி அதே கதை தான்.

வண்டி மேல தூக்கி நிக்கும்போதே ஷாக் போல்ட்ட இறுக்கி முறுக்கிடாதீங்க. எடது பக்கத்துக்கு புது போல்ட் போட்டு, ரெண்டையும் கையால மாட்டி, சக்கரம் போட்டு, வண்டி தன் பாரத்துல தரையில நின்னப்புறம் தான் கடைசியா முறுக்குனோம், இல்லன்னா போல்ட்ட சுத்தி இருக்குற ரப்பர் புஷ் முறுக்கின நிலைமையிலயே நின்னு சீக்கிரம் கிழியும். வீல் நட் இறுக்கம் 85 நியூட்டன் மீட்டர், அத அளந்து முறுக்குற டார்க் ரெஞ்ச் பக்கத்து டயர் கடையில கேட்டு வாங்கினேன்.

சாயங்காலம் அளந்தோம், ரெண்டு பக்கமும் 38. பத்து நாள் ஓடுனப்புறம் 37.5ல நின்னுருச்சு, புது ஸ்பிரிங்கு கொஞ்சம் உக்காரும், அது சகஜம். அன்னைக்கே நட்டு போல்ட் எல்லாம் இன்னொரு தடவ முறுக்கிப் பாத்தேன். இப்ப வண்டி கழுவும்போதெல்லாம் பைப்ப சீட்டுக்குள்ள விட்டு மண்ணு போற வரைக்கும் அடிக்கிறேன்.